வாசலில் வந்து நிற்கும் தாகம்

2019ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம். நத்தாரை ஒட்டிய நாட்கள். தென் அவுஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெயிட்டுக்கு அருகேயுள்ள மலைச்சாலையொன்றில் துவிச்சக்கர வண்டிகளில் சென்றுகொண்டிருந்த சிலர் நடுவழியில் நிற்க வேண்டியதாயிற்று. அவர்களை மறித்தது பொலிசார் அல்லர், ஒரு கோவாலா. மரத்தின் உச்சிக் கவட்டில் உறங்கிக் கிடக்க வேண்டிய அந்தக் காட்டு விலங்கு, கொதிக்கும் தார்ச்சாலையில் இறங்கி வந்து, மனிதரைக் கண்டு ஓடாமல், வண்டியின்மேலேயே தொற்றி ஏறி, போத்தலிலிருந்த நீரைக் குடித்தது. அக்காட்சியை உலகமே பார்த்து நெகிழ்ந்தது.

நெகிழ்ந்தது நல்லதே. ஆனால் நெகிழ்ச்சி அடங்கிய பின் ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. அன்று கொடுக்கப்பட்ட அந்த நீர் தருமமா? அல்லது திருப்பிச் செலுத்தப்பட்ட கடனா? இரண்டும் ஒன்றல்ல. தருமம் செய்பவன் தலைநிமிர்ந்து நிற்கலாம். கடனைத் தீர்ப்பவன் அப்படி நிற்க இயலாது. இவ்வேறுபாட்டைச் சற்றே ஆராய்ந்து பார்ப்போம்.

கரடியல்லாத கரடி

கோவாலாவைப் பலர் கரடி என்பர். அது கரடியன்று. கங்காருவைப் போலக் குட்டியை வயிற்றுப் பையில் வைத்து வளர்க்கும் இனத்தைச் சேர்ந்தது. அதன் உணவு பெரும்பாலும் யூக்கலிப்டஸ் இலை. சத்துக் குறைந்ததும் நச்சுத்தன்மை உடையதுமான அவ்விலையை உண்டு சீரணிக்க நெடுநேரம் வேண்டும். ஆகவே நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் ஓய்விலும் உறக்கத்திலும் கழிக்கின்றது. அதற்கு வேண்டிய நீரில் பெரும்பகுதி அவ்விலையிலேயே கிடைத்துவிடும். இதனாலேயே கோவாலா நீர் அருந்தாது என்று நெடுங்காலம் பலர் நம்பி வந்தனர்.

அதற்கு வளை இல்லை, பொந்தும் இல்லை. வெயிலோ மழையோ, திறந்த கிளையே அதன் வீடு. அப்படியானால் கடும் வெப்பத்தை அது எவ்வாறு தாங்குகின்றது? மெல்பேண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விக்ரோறியா மாநிலத்தின் பிரெஞ்சுத் தீவில் இதனை ஆராய்ந்து 2014இல் முடிவை வெளியிட்டனர். குளிர் நாட்களில் கிளைகளின் உயரத்தில் இருக்கும் கோவாலா, வெப்ப நாட்களில் கீழே இறங்கி அடிமரத்தை இரு கைகளாலும் கட்டி அணைத்துக்கொள்கின்றது. வெறும் விளையாட்டன்று அது. வெயில் நாளில் அடிமரம் காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். அக்கேசியா இனத்து மரமொன்றில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 9 பாகை செல்சியஸ் வரை காணப்பட்டது. அம்மரத்தின் இலைக்காக அல்ல, அதன் தண்மைக்காகவே கோவாலா அதை நாடுகின்றது. மூச்சிரைத்தும் உரோமத்தை நக்கி ஈரமாக்கியும் உடலைக் குளிர்விக்க அதனால் முடியும். ஆனால் இரண்டுக்கும் உடலிலுள்ள நீர் செலவாகும். மரத்தை அணைப்பதால் அச்செலவில் ஏறத்தாழப் பாதியை மிச்சப்படுத்தலாம் என அந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டனர்.

மழை பெய்யும்போது வழுவழுப்பான அடிமரத்தில் வழிந்தோடும் நீரைக் கோவாலாக்கள் நக்கிக் குடிப்பதை 2020இல் வெளியான மற்றோர் ஆய்வு எடுத்துக்காட்டியது. ஆக, இலை, மரம், மழை என்னும் மூன்றும் இருக்கும்வரை கோவாலா எவர் வாசலிலும் வந்து நிற்பதில்லை. அது பிச்சைக்காரப் பிராணியன்று.

மழை பொய்த்து, இலை வாடி, வெப்பம் நாட்கணக்கில் நீடிக்கும்போதுதான் இந்த ஒழுங்கு குலைகின்றது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கன்னெடா என்னும் விவசாய ஊரின் சுற்றுப்புறத்தில், 2009ஆம் ஆண்டின் வரட்சியிலும் வெப்ப அலையிலும் கோவாலாக்களில் நான்கில் ஒரு பங்கு மடிந்ததாகக் கணிக்கப்பட்டது. பின்னர் அதே ஊரில் சிட்னிப் பல்கலைக்கழகத்தார் தோட்டக்காரரின் உதவியுடன் நீர்த்தொட்டிகளை வைத்துக் கண்காணித்தபோது, நீர் அருந்தாது எனப்பட்ட அவ்விலங்கு இரவும் பகலும் வந்து குடித்தது.

யாருடைய வளவு?

“காட்டு விலங்கு ஊருக்குள் வந்துவிட்டது” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். உண்மையில் யார் யாருடைய வளவுக்குள் வந்தவர்? குயின்ஸ்லாந்தின் தென்கிழக்கிலும் நியூ சவுத் வேல்ஸின் கரையோரத்திலும் இன்று புறநகர் வீடுகள் வரிசையாக நிற்கும் நிலங்கள் பல, முன்னர் யூக்கலிப்டஸ் காடாக இருந்தவை. காடு துண்டு துண்டாக வெட்டப்பட்டபோது, ஒரு மரத்திலிருந்து மறு மரத்துக்குச் செல்ல வேண்டிய கோவாலா நிலத்தில் இறங்கி நடக்க வேண்டியதாயிற்று. அங்கே மோட்டார் வண்டியும் நாயும் அதற்குக் காத்திருந்தன.

அதற்கும் முந்திய கதை இன்னும் கசப்பானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் மென்மையான தோலுக்காக அதனை இலட்சக்கணக்கில் கொன்றனர். 1927 ஓகஸ்ட் மாதம் குயின்ஸ்லாந்து அரசாங்கம் வேட்டைக்கு அனுமதி வழங்கியபோது ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை கொல்லப்பட்டன. 2022இல் அவுஸ்திரேலிய மத்திய அரசு, குயின்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் தலைநகர் ஆட்புலத்திலும் கோவாலாவை அழிவின் விளிம்பிலுள்ள இனமென அறிவித்தது. தோலை உரித்த தலைமுறை போயிற்று; மரத்தை வெட்டிய தலைமுறை வந்தது.

அடிலெயிட் மலைகளின் கதை சற்று வேறு. அங்குள்ள கோவாலாக்கள் பிற இடங்களிலிருந்து மனிதராலேயே கொண்டுவந்து விடப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள். “அப்படியானால் அவை அந்நியமானவை, அவற்றுக்கு நாம் ஏன் பொறுப்பு?” என்று ஒருவர் வாதிடலாம். வாதம் தலைகீழாக நிற்கின்றது. விருந்தினனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தவனுக்கு, தானாக வந்தவனை ஏற்றவனைவிடக் கடமை கூடுமேயன்றிக் குறையாது.

எனவே, பிறருக்குரியதை எடுத்துக்கொண்டவன், அதில் ஒரு துளியைத் திருப்பிக் கொடுக்கும்போது அதற்குத் தருமம் என்று பெயர் சூட்டலாகாது. அது நீதியின் முதற்படி மட்டுமே.

இயற்கையின் போக்கில் விடலாமா?

“வலியது பிழைக்கும், மெலியது மடியும், இதில் மனிதன் ஏன் தலையிட வேண்டும்?” என்பாரும் உளர். மனிதன் கால் வைக்காத காட்டில் இவ்வாதத்துக்கு ஓரளவு மதிப்புண்டு. ஆனால் அடிலெயிட் நகரில் 2019 ஜனவரி 24ஆம் நாள் வெப்பம் 46.6 பாகையைத் தொட்டபோது, அந்த வெப்பத்தை இயற்கையின் செயல் என்று மட்டும் சொல்ல இயலுமா? நிழல் மரங்களை அகற்றித் தாரும் சீமெந்தும் பரப்பியவர் யார்? பூமியின் வெப்பத்தைக் கூட்டும் புகையை விண்ணில் கலந்தவர் யார்? வழியை அடைத்தவனே, “நீயே வழி தேடிக்கொள்” என்று சொல்வது நியாயமாகாது.

போத்தலும் தட்டமும்

இன்னொரு புறமும் உண்டு. உதவும் கையே ஊறு செய்துவிடலாம். கோவாலாவின் தலையை நிமிர்த்தி, போத்தலை வாயில் வைத்து நீரை ஊற்றினால், அந்நீர் சுவாசப்பைக்குள் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம் எனக் காட்டுயிர்களைப் பராமரிப்போர் எச்சரிக்கின்றனர். அது குனிந்து நக்கிக் குடிக்கும் பிராணி. மரத்தடி நிழலில் ஆழமில்லாத தட்டத்தில் நீரை வைத்துவிட்டு, நாயைக் கட்டிவிட்டு, விலகி நிற்பதே முறையான உதவி. வீட்டில் நீச்சல் தடாகம் இருந்தால், தவறி விழும் விலங்கு பற்றி ஏறுவதற்கு ஒரு தடித்த கயிற்றைக் கட்டி நீருள் விடவும் சொல்கின்றனர். சோர்ந்து தரையில் கிடப்பதைக் கண்டால், பயிற்சி பெற்றவர்களை அழைக்க வேண்டும்.

இங்கே மறைந்திருக்கும் பாடம் விலங்குகளுக்கு மட்டும் உரியதன்று. போத்தலை ஊட்டுபவருக்குப் படம் கிடைக்கும். தட்டத்தை வைத்துவிட்டு விலகுபவருக்கு ஒன்றும் கிடைக்காது. முதலாவதில் கொடுப்பவரின் மனம் குளிர்கின்றது. இரண்டாவதில் பெறுவதன் உடல் குளிர்கின்றது. அன்பு என்பது நமக்கு இன்பம் தருவதைச் செய்வதா, மற்றவருக்கு நன்மை தருவதைச் செய்வதா? ஏழைகளுக்கு நாம் கொடுப்பதையும், பிள்ளைகளுக்கு நாம் செய்வதையும்கூட இக்கேள்வியால் உரைத்துப் பார்க்கலாம்.

மனிதனா, மிருகமா?

“மனிதன் தாகத்தால் சாகும்போது மிருகத்துக்குத் தண்ணீரா?” என்பது மிகப் பழைய கேள்வி, அலட்சியம் செய்யத் தக்கதுமன்று. புனித தோமஸ் அக்குவினாஸ், விலங்கைக் கொடுமை செய்து பழகியவன் மனிதனையும் கொடுமை செய்யத் துணிவான் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும் என்றார். பல நூற்றாண்டுகளின் பின் ஜேர்மானிய மெய்யியலாளர் கான்ற் அதே வழியில் சிந்தித்தார். இவர்கள் கூற்றில், விலங்கின்மீது காட்டும் இரக்கம் மனிதனுக்கான ஒரு பயிற்சி. ஆங்கிலேய அறிஞர் பெந்தாம், துன்பத்தை உணரக்கூடிய எவ்வுயிரும் தன் பொருட்டே நம் கவனத்துக்கு உரியது என வாதித்தார். எவ்வழியில் சென்றாலும் தட்டத்தில் நீர் வைக்க வேண்டும் என்ற முடிவு ஒன்றே. ஆயினும் முதல் வழி நம்மிடம் மேலும் ஒன்றைக் கேட்கின்றது: பயிற்சி பெற்றவரே, அப்பயிற்சியை எங்கே பயன்படுத்தினீர்?

2009 ஜனவரி இறுதியில் மெல்பேண் நகரில் மூன்று நாட்கள் தொடர்ந்து வெப்பம் 43 பாகையைத் தாண்டியது. வீடுகளின் பின்வளவுக்கு நீர் தேடி வந்த கோவாலாக்களின் படங்கள் அக்கோடையில் பத்திரிகைகளை நிறைத்தன. அதே வெப்ப அலையில் விக்ரோறியா மாநிலத்தில் வழமையைவிட 374 பேர் கூடுதலாக இறந்தனர் என அரசின் சுகாதாரத் துறை பின்னர் அறிவித்தது. அவர்களிற் பெரும்பாலோர் முதியோர்.

கோவாலா மரத்தை விட்டிறங்கி வாசலுக்கு வந்தது, ஆகவே கண்டோம். தனித்திருந்த முதியவரோ வாசலுக்கு வரவில்லை. திரைச்சீலையை இழுத்து மூடி, பிறருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாதென எண்ணி, உள்ளேயே இருந்துவிட்டார். நம்மவர் பலரும் இன்று அந்நகர்களில் குடியேறி வாழ்கின்றனர். அவர்களுடைய வயது முதிர்ந்த பெற்றோரும் அங்கே பகல் முழுவதும் தனித்திருக்கின்றனர். ஆகையால் இது யாரோ எவரோ பற்றிய கதையன்று. வந்து கேட்கும் தாகத்தைத் தணிப்பது எளிது. கேளாத தாகத்தைத் தேடிச் செல்வதே கடினம். ஒன்றைச் செய்வதற்காக மற்றதை விடவேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை. “மனிதனே முதலில்” என்று சொல்லி விலங்கைத் துரத்துபவர், அடுத்த வீட்டுக் கதவையாவது தட்டினாரா என்று கேட்டுப் பாருங்கள். விடை பெரும்பாலும் மௌனமாகவே இருக்கும்.

சட்டி நீரும் அடிமரமும்

2009 பெப்ரவரியில், விக்ரோறியாவின் மேர்பூ நோர்த் என்னும் ஊருக்கு அருகில், தீயில் காயமுற்ற ஒரு கோவாலாவுக்குத் தீயணைப்பு வீரரொருவர் போத்தலில் நீர் ஊட்டும் படம் உலகெங்கும் பரவியது. சில நாட்களில் மூண்ட பெருந்தீயில் 173 மனித உயிர்கள் பலியாயின. அத்துயரின் நடுவே அப்படம் பலருக்கு ஆறுதலாயிற்று. ஆனால் அந்த விலங்கின் முடிவை அறிந்தவர் குறைவு. தீக்காயம் ஆறிவந்த நிலையில், கோவாலாக்களிடையே பரவலாகக் காணப்படும் வேறொரு நோய் அதனுள் தீர்க்க முடியாத அளவுக்கு முற்றியிருந்தமையால், அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் அது வலியின்றி உறங்க வைக்கப்பட்டது.

அந்த ஒரு மிடறு நீர் வீணாயிற்றா? இல்லை. துன்புறும் உயிருக்கு அந்நேரத்தில் செய்யத்தக்கதைச் செய்தவர் கணக்குப் பார்ப்பதில்லை. ஆயினும் ஒரு மிடறு நீர் ஓர் இனத்தைக் காப்பதில்லை என்பதையும் அந்த முடிவு சொல்கின்றது. கோவாலாவுக்கு உண்மையில் வேண்டியது சட்டி நீரன்று. அணைத்துக்கொள்ளக் குளிர்ந்த அடிமரம், ஈரமுள்ள இலை, நாய்க்கும் வண்டிக்கும் அஞ்சாமல் மரத்துக்கு மரம் செல்லும் வழி ஆகியவையே. பின்வளவில் நிற்கும் முதிர்ந்த மரத்தை, குப்பை விழுகின்றது, காட்சியை மறைக்கின்றது என்று வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தில் ஒரு சட்டி நீர் வைப்பவர் தம் மனச்சாட்சியைத்தான் குளிர்விக்கின்றார். மரத்தை நிற்க விட்டவரோ, கோவாலாவுக்கும் அயலிலுள்ள முதியவருக்கும் ஒரே நிழலைக் கொடுக்கின்றார்.

ஆகவே, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்குத் திரும்புவோம். அந்த நீர் தருமமா, கடனா? கடனே. கடனில் ஒரு தவணை மட்டுமே. தவணை சிறிதென்று கொடாமல் விடுவதும் தவறு. கொடுத்துவிட்டோமென்று முழுக் கடனையும் மறப்பதும் தவறு. வெயில் ஏறும் நாளில் மரத்தடியில் தட்டத்தை வைப்போம். வைத்துவிட்டு உள்ளே திரும்புமுன், அயல் வீட்டுக் கதவையும் ஒருமுறை தட்டிப் பார்ப்போம். கோடரியை எடுக்க எண்ணும் நாளில், அந்த மரத்தை வேறு யாரெல்லாம் அணைத்துக்கொள்ளக்கூடும் என்று ஒரு கணம் சிந்திப்போமாக.