மொழி தெரியாத ஊரில் ஊழியமும் நட்பும்

கிறிஸ்தவ ஊழியப் பயணமாக வேற்று ஊருக்குப் போகிறவர்கள் அங்குள்ளவர்களோடு கொள்ளும் நட்பு மற்றப் பயணிகளின் நட்பைப் போன்றதல்ல. சுற்றுலாக்காரர் ஊரைப் பார்க்க வருகிறார். வியாபாரி கொடுக்கல் வாங்கலுக்கு வருகிறார். ஊழியத்துக்கு வருகிறவரோ எதிரில் இருப்பவரின் மனம் மாற வேண்டும் என்ற விருப்பத்தோடு வருகிறார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லாதபோது, அந்த விருப்பம் நட்புக்குள் எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள எதிரில் இருப்பவருக்கு வழி குறைவு. அறம் பற்றிய கேள்வி இங்கேதான் எழுகிறது.

மொழி வேறாக இருப்பதாலேயே நட்பு தடைபட்டுப் போவதில்லை. தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே நெடுஞ்சாலையில் இருக்கும் காரிமங்கலம் போன்ற ஊர்களில் இது அன்றாட அனுபவம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் தருமபுரி மாவட்டத்தில் நிறைய உண்டு. சந்தையில் ஒரு மொழியில் விலை பேசிவிட்டு, வீட்டாரோடு இன்னொரு மொழியில் கலந்துபேசுவதை இந்தப் பக்கத்தில் யாரும் விசேஷமாக எண்ணுவதில்லை. இரு தரப்பும் அடுத்தவர் மொழியில் நாலு வார்த்தையாவது கற்றிருக்கும். ஒருவரை நம்பி மற்றவர் பிழைப்பு நடக்கும். சில நாட்களுக்கென்று வந்து இறங்கும் ஊழியக் குழுவுக்கு அப்படிப்பட்ட சமநிலை கிடையாது.

குழந்தைகளோடு கிரிக்கெட், விடுமுறை வேதாகமப் பள்ளியில் கைதட்டிப் பாட்டு, ஒரே பந்தியில் சாப்பாடு என்று பிறக்கும் நெருக்கத்தைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் முகம் பார்க்காமலே நண்பர்களாக இருந்ததைக் கொண்டாடும் மரபு தமிழுக்கு உண்டு. ஆனால் அவர்களுக்கு இல்லாமல் போனது சந்திப்பு மட்டுமே. மொழி பொதுவாக இருந்தது. சொல்லே இல்லாத நட்பில் அன்பைக் காட்டலாம், நன்றியைக் காட்டலாம். நயமாக மறுக்க முடியாது. ‘உங்கள் சாமியைப் பற்றிக் கேட்க எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் நீங்கள் வீட்டுக்கு வாருங்கள்’ என்பதைச் சைகையில் யார் சொல்வது? விருந்தினரைப் புண்படுத்தக் கூடாது என்று பழகிய வீட்டுக்காரர் தலையாட்டிவிடுவார். அந்தத் தலையாட்டல் சம்மதம் என்று குழுவின் குறிப்பேட்டில் ஏறிவிடும். ஆகவே மறுக்கும் வசதியை எதிரில் இருப்பவருக்கு உண்டாக்கித் தருவது வந்தவரின் முதல் கடமை. அதற்கு அவர் அந்த ஊரின் மொழியைக் கற்க வேண்டும்.

தமிழகத்தில் இதைத் தீவிரமாகச் செய்தவர் சீகன்பால்கு. டென்மார்க் அரசரின் ஆதரவோடு 1706 ஜூலையில் டேனிஷ் குடியேற்றமான தரங்கம்பாடிக்கு வந்த இந்த ஜெர்மானியர், திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். ஐரோப்பிய மொழிகள் அறிந்த அழகப்பன் அவருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் உரையாடல் துணையாகவும் அமைந்தார். மாணவராக உட்கார்ந்த மிஷனெரியை ஊரார் திருத்த முடிந்தது, கேலி செய்ய முடிந்தது, எதிர்த்து வாதாட முடிந்தது. 1712 முதல் 1714 வரையில் தமிழர்கள் அவருடைய கேள்விகளுக்கு எழுதிய மறுமொழிக் கடிதங்கள் ஜெர்மன் மொழியில் வெளியாயின. தங்கள் சமயத்தை விட்டுக்கொடுக்காமல் பேசுகிற குரல்கள் அவற்றில் உண்டு. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதி முடித்த நூலை ஜெர்மனியின் ஹாலே நகரில் இருந்த மிஷன் மேலிடம் அச்சிட விரும்பவில்லை. அது 1867இல்தான் அச்சேறியது. புரிந்துகொள்ளப் போனவர் அளவுக்கு மீறிப் புரிந்துகொண்டார் என்பது மேலிடத்தின் குறை போலும்.

ஆனாலும் இந்த நட்பின் விலையைச் சீகன்பால்குவும் அழகப்பனும் சமமாகக் கொடுக்கவில்லை. தரங்கம்பாடித் தளபதியோடு மோதிய சீகன்பால்கு சுமார் நான்கு மாதம் சிறையில் இருந்தார். வெளியே வந்ததும் பணியைத் தொடர்ந்தார், அவருக்குப் பின்னால் ஓர் அரசர் இருந்தார். மிஷனெரிகளோடு பழகிய அழகப்பனுக்கோ தரங்கம்பாடியை விட்டே வெளியேற நேர்ந்தது. மொழியைக் கற்றதால் மட்டும் இந்த ஏற்றத்தாழ்வு தீரவில்லை.

மொழி பொதுவாக இருந்தும் நட்பு வராமல் போனதற்குச் சாட்சி வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர். 1910 ஜூனில் எடின்பரோவில் சுமார் 1,200 பேர் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் ஆசியத் திருச்சபைகளிலிருந்து வந்தவர்கள் இருபது பேருக்கும் குறைவு. அசரியா நல்ல ஆங்கிலத்தில் பேசினார். இந்திய ஊழியர்களோடு மிஷனெரிகள் சேர்ந்து வேலை செய்கிறார்கள், வீட்டுக்கு அழைத்து உட்காரவைப்பதில்லை என்றார். உங்கள் பொருளையும் உயிரையும் எங்களுக்காகத் தந்தீர்கள் என்று ஒப்புக்கொண்டு, கடைசியில் அவர் கேட்டது நண்பர்களை. கேட்டவர்களில் சிலருக்குக் கோபம் வந்தது. அது வந்ததில் வியப்பில்லை. கொடுத்துக்கொண்டே இருக்கிறவருக்கு, தன்னிடம் ஒன்று குறைகிறது என்று கேட்பது சுலபமல்ல.

அதே அசரியா மறுபக்கத்திலும் நின்றவர். 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தார்; அது நிசாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல் வட்டாரத்துத் தெலுங்கு மக்களிடம் தமிழர்களை அனுப்பியது. அவரும் 1909இல் அங்கே போய்த் தெலுங்கு கற்றார். 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அங்கே பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியார் திரளாகக் கிறிஸ்தவர் ஆனபோது காந்தி எதிர்த்தார். பள்ளியும் மருந்தும் மதமாற்றத்தை மனதில் வைத்துத் தரப்பட்டால் சேவை கெட்டுவிடும் என்பது அவர் கருத்து. இந்தக் கண்டனத்தில் பெரிய உண்மை உண்டு, ஒரு குறையும் உண்டு: சேர்ந்தவர்களுக்குச் சுயமாக யோசிக்கத் தெரியாது என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. கோயிலுக்குள்ளும் கிணற்றடியிலும் அண்ட விடாத ஊரில், பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒருவரை நண்பர் என்று கொண்டது அவர்கள் தீர்மானம்.

ஒன்றைக் கருதிக் கொள்ளும் நட்பெல்லாம் நட்பே அல்ல என்றால் உலகில் பாதி நட்பு மிஞ்சாது. திருக்குறள் கூடா நட்புக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிக் கண்டிப்பது உள்ளொன்றும் புறமொன்றுமாகப் பழகுவதை. தான் எதை விரும்புகிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லி, மறுத்த பிறகும் அதே முகத்தோடு வந்து போகிற ஊழியர் அந்தக் கண்டனத்தில் வரமாட்டார். ஞானஸ்நானம் வேண்டாம் என்ற வீட்டுக்கு அடுத்த வாரம் டியூஷனும் மருந்தும் நின்றுபோனால், முன்பு இருந்தது நட்பல்ல என்று ஊருக்கே தெரிந்துவிடும். சட்டமும் இதை ஒட்டியே நிற்கிறது: அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது, அது பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குறுகிய காலப் பயணத்தில் மொழியைக் கற்க நேரம் இல்லை. அதனால் கடமை வேறு உருவம் எடுக்கிறது. புரியாதவரிடம் முடிவு கேட்கக் கூடாது. அவருக்குப் புரியாத தாளில் கையெழுத்து வாங்கக் கூடாது. ‘அடுத்த வருஷம் வருவோம்’ என்று வாய்க்கு வந்ததைச் சொல்லவும் கூடாது, ஏனென்றால் அதை எண்ணி நாள் பார்ப்பவர்கள் இருப்பார்கள். பிள்ளைகளின் படம் நன்கொடைக் கடிதத்தில் அச்சாகும் என்றால், அதைப் பெற்றோர் மொழியில் முன்பே சொல்ல வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் நிலை எல்லோரையும்விடச் சிக்கலானது. சங்கடமான கேள்வியை மழுப்பவும் முரட்டுப் பதிலை மெருகேற்றவும் அவரால் முடியும். சம்பளமோ சபையோ அவரை ஒரு பக்கம் சாய்க்கும். சொன்னதைச் சொன்னபடி பெயர்க்க அவருக்குச் சுதந்திரம் தருவது குழுத் தலைவரின் பொறுப்பு. வெளிநாட்டார் என்றால் இன்னொன்றும் சேர்கிறது. இந்தியாவில் மிஷனெரி விசா தனி வகை. சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கம் செய்கிறவர் விமானம் ஏறிப் போய்விடலாம், அதன் பிறகு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டி வருகிறவர்கள் வீடு கொடுத்தவரும் மொழிபெயர்த்தவரும்.