ஓய்வு பெற்ற நாயும் முருகனின் மயிலும்



2024 மே மாசம் ஒரு போட்டோ நம்ம குரூப் எல்லாத்துலயும் சுத்துச்சு, ஞாபகம் இருக்கா? ரயிலில் முதல் வகுப்பு ஏ.சி. பெட்டி. பெர்த்தில் ஒரு நாய் நிம்மதியாகப் படுத்திருக்கிறது. அதன் பெயர் மேரு. இந்திய ராணுவத்தின் 22-வது நாய்ப் பிரிவில் தடம் பிடிக்கும் வேலை பார்த்தது. வயசு ஒன்பது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மீரட்டில் ராணுவம் நடத்தும் ஓய்வு இல்லத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஓய்வு பெற்ற நாயைப் பராமரிப்பாளர் முதல் வகுப்பிலேயே கூட்டிப் போகலாம் என்று அனுமதி வந்த பிறகு நடந்த பயணம் அது.

நானும் ஒரு ஹார்ட் போட்டு நாலு பேருக்கு ஃபார்வர்ட் பண்ணேன்.

அன்னைக்குச் சாயங்காலம் கொரியர்காரர் கீழே நின்னு போன் பண்ணார். நான் மீட்டிங்கில் இருந்தேன். அப்பாகிட்ட, "சும்மாதானே இருக்கீங்க, கொஞ்சம் வாங்கிட்டு வந்துடுங்கப்பா"ன்னு சொன்னேன். எங்க வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அப்பாவுக்கு முட்டி வலி. ஒண்ணும் சொல்லாம இறங்கிப் போனார். திரும்பி வரும்போது ஒவ்வொரு படியிலும் நின்னு நின்னு ஏறும் சத்தம் ஹெட்போனைத் தாண்டிக் கேட்டுச்சு.

"சும்மாதானே இருக்கீங்க." முப்பத்தஞ்சு வருஷம் உழைச்ச மனுஷனைப் பார்த்து நான் சொன்ன வார்த்தை. ஒரு நாயின் ஓய்வுக்குக் கண் கலங்கின அதே நாள்ல!

அன்னையிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவே இல்லை. ஒருவரால் இனி நமக்குப் பயன் இல்லை என்று ஆன பிறகு, அவருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்? அப்பாவையும் நாயையும் ஒப்பிடுறேன்னு யாரும் நினைக்க வேண்டாம். நாயின் விஷயத்தில் இந்தக் கேள்வி எந்த மறைப்பும் இல்லாமல் நிற்கிறது, அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

மேருவுக்குக் கிடைத்த அந்தப் பெர்த், அதற்கு முன்னால் இருந்த நாய்களுக்குக் கிடைக்கவில்லை. 2015-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்ட கேள்விக்கு வந்த பதிலில்தான் பலருக்கு விஷயம் தெரிந்தது: வேலைக்குத் தகுதி இழந்த ராணுவ நாய்களை ஊசி போட்டுக் கொன்றுவிடுவது வழக்கமாக இருந்தது. விஷயம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. பிறகுதான் வழக்கம் மாறியது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். வியட்நாம் போருக்கு சுமார் 4,000 நாய்கள் போயின. திரும்பி வந்தவை சுமார் 200. மற்றவற்றில் பல அங்கேயே இறந்தன. பல அங்கேயே விடப்பட்டன, இல்லையென்றால் கொல்லப்பட்டன. காரணம், கணக்குப் புத்தகத்தில் நாய் ஓர் உயிர் இல்லை, ஒரு தளவாடம். 2000-ம் ஆண்டு நவம்பரில்தான் ஓய்வு பெற்ற ராணுவ நாய்களைத் தத்துக் கொடுக்கலாம் என்ற சட்டத்தில் அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்டார். ராபி என்ற நாயின் பெயரால் அந்தச் சட்டத்தைக் குறிப்பிடுகிறார்கள். அதைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போக அதன் பழைய பராமரிப்பாளர் போராடினார். சட்டம் வந்தது, ஆனா ராபிக்கு அது உதவவில்லை. 2001 தொடக்கத்தில் அது கருணைக்கொலை செய்யப்பட்டது.

தளவாடம் என்ற வார்த்தை எனக்குப் புதுசு இல்லை. எங்க வேலையிலும் பழைய சர்வருக்கு 'எண்ட் ஆஃப் லைஃப்'னு ஒரு தேதி குறிப்போம். அந்தத் தேதி வந்ததும் பிளக்கைப் பிடுங்கிடுவோம். சர்வருக்கு வலிக்காது. ஆனா அதே பழக்கத்தில் உயிர்களையும் பார்க்க ஆரம்பிச்சா?

ஒரு மோப்ப நாய் எப்படி வேலை செய்யுது தெரியுமா? அதற்கு வெடிகுண்டுன்னா என்னன்னே தெரியாது. தேசம், எல்லை, பயங்கரவாதம் எதுவும் தெரியாது. குட்டியாக இருக்கும்போதே பந்து விளையாட்டில் பழக்குகிறார்கள். குறிப்பிட்ட வாசனையைக் கண்டுபிடித்தால் பந்து கிடைக்கும், பராமரிப்பாளர் தட்டிக்கொடுப்பார். நாம் அதைக் கடமை என்கிறோம், வீரம் என்கிறோம். நாய்க்கு அது விளையாட்டு. தனக்குப் பிடித்த ஒருவர் சந்தோஷப்படுகிறார், அதுதான் அதற்கு எல்லாம்.

இங்கேதான் என் வாதமே இருக்கு. ராணுவ வீரர் தெரிந்து, விரும்பி, கையெழுத்துப் போட்டுச் சேர்கிறார். சம்பளம் உண்டு. அது ஒப்பந்தம். நாய் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. கண்ணிவெடி புதைத்த பாதையில் முன்னால் நடக்க அது சம்மதிக்கவில்லை, மறுக்கவும் அதற்கு வழி இல்லை. "ஒப்பந்தம் இல்லை, அதனால் கடன் இல்லை"னு சிலர் சொல்வாங்க. எனக்குத் தலைகீழாகத் தோணுது. ஒப்பந்தம் இருக்கும் இடத்தில் சட்டம் பார்த்துக்கொள்ளும். ஒப்பந்தம் இல்லாத இடத்தில் தர்மம் ஒன்றுதான் இருக்கு. அங்கே நாம் கைவிட்டால் கேட்க நாதி இல்லை.

தர்மம் என்றதும் மகாபாரதத்தின் கடைசிப் பகுதி ஞாபகம் வருது. தம்பிகளும் திரௌபதியும் வழியில் ஒவ்வொருவராக விழுந்துவிட, தருமரோடு கடைசி வரை நடந்து வந்தது ஒரு நாய் மட்டும்தான். இந்திரன் தேரோடு வந்து, நாயை விட்டுவிட்டு ஏறச் சொல்கிறான். தருமர் மறுக்கிறார். சொர்க்கமே வேண்டாம் என்கிறார். அப்புறம்தான் அந்த நாய் தர்மதேவதை என்று தெரிகிறது.

இந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கோம். ஒரு விஷயத்தை நான் இப்பதான் கவனிச்சேன். அந்த நாய் தருமருக்கு எந்த வேலையும் செய்து கொடுக்கவில்லை. காவல் காத்ததுன்னோ வேட்டைக்கு உதவியதுன்னோ எதுவும் இல்லை. அது கூட வந்தது, அவரை நம்பி வந்தது, அவ்வளவுதான். தருமரும் அதன் சேவையைக் கணக்குப் பார்க்கவில்லை. நம்பி வந்ததைக் கைவிடக் கூடாது என்பது மட்டும்தான் அவர் நியாயம்.

அப்படின்னா நாம் வழக்கமாகச் சொல்லும் காரணமே தப்பு. "இவ்வளவு செஞ்சுதே, அதனால் காப்பாத்தணும்" என்கிறோம். அப்போ பயிற்சியில் தேறாமல் போன நாய்? ஒரு குண்டுகூடக் கண்டுபிடிக்காத நாய்? அதுவும் நம் கையால் சாப்பிட்டு, நம் குரலுக்கு ஓடிவரப் பழகியதுதானே. நாம்தான் அதை நம்மை நம்பி வாழும்படி வளர்த்தோம். அது நமக்கு என்ன செய்தது என்பதைவிட, நாம் அதை எப்படி ஆக்கினோம் என்பதில்தான் கடன் இருக்கிறது.

எதிர்வாதமும் நேர்மையாகப் பார்க்கணும். முகாம்கள் தெரிந்த நாய் தவறான ஆட்கள் கையில் போனால் ஆபத்து, வெளியே சரியாகப் பராமரிக்க வசதி இல்லை என்ற காரணங்கள் அன்று சொல்லப்பட்டன. முழுக்கப் பொய் என்று ஒதுக்க முடியாது. ஆனா இன்று மீரட்டில் ராணுவமே இல்லம் நடத்துகிறது, தத்தும் கொடுக்கிறது. 2019 நவம்பரில் டெல்லி மெட்ரோவில் பணியாற்றிய 7 நாய்களுக்கு மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை பதக்கம் அணிவித்து, விழா நடத்தி, விலங்கு நல அமைப்பிடம் ஒப்படைத்தது. ஜப்பானின் ஹொக்கைடோவில் பார்வையற்றோருக்கு வழிகாட்டிய நாய்களுக்கென்று 1978-லேயே முதியோர் இல்லம் திறந்துவிட்டார்கள். ஆக, வழி இல்லாமல் இல்லை. யாரும் தேடாமல் இருந்தார்கள்.

"மனுஷங்களுக்கே முதுமையில் ஆதரவு இல்லை, நாய்க்கு என்ன?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கோபம்தான். ஆனா கருணை ஒரு குடம் தண்ணி இல்லையே, இங்கே ஊத்தினா அங்கே குறைய. "இனி என்ன உபயோகம்?" என்று நாயிடம் கேட்டுப் பழகிய வாய், நாளைக்கு மனுஷனிடமும் கேட்கும். நான் கேட்டேனே.

தீராத நோயில் துடிக்கும் நாயை ஊசி போட்டு விடுவிப்பதை நான் குற்றம் சொல்லவில்லை. வலியைப் பார்த்து எடுக்கும் முடிவு வேறு, செலவைப் பார்த்து எடுக்கும் முடிவு வேறு.

இன்னொன்றும் உறுத்துது. 2022 அக்டோபரில் காஷ்மீரின் அனந்தநாக்கில் பயங்கரவாதிகளோடு நடந்த சண்டையில் குண்டடி பட்டு ஜூம் என்ற ராணுவ நாய் இறந்தது. நாடே அஞ்சலி செலுத்தியது. செலுத்த வேண்டியதுதான். ஆனா இறந்த வீரனுக்கு மாலை போடுவது ஒரு நாள் வேலை. இடுப்பு எலும்பு தேய்ந்து, காது மந்தமாகி, படுத்த இடத்திலேயே சிறுநீர் போகும் நாயைப் பார்த்துக்கொள்வது தினசரி வேலை. அதற்கு போட்டோ கிடையாது, லைக் கிடையாது.

இப்ப நம்ம முருகன்கிட்ட வருவோம். திருச்செந்தூர் சூரசம்ஹாரம் எல்லாருக்கும் தெரியும். கடைசியில் மாமரமாக நின்ற சூரபத்மனை வேல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். போர் முடிஞ்சாச்சு, தேவர்கள் விடுதலை ஆயாச்சு. வந்த வேலை முடிஞ்சதே! அந்த இரண்டையும் விரட்டி விட்டிருக்கலாம். கேட்க ஆள் இல்லை. ஆனா ஒன்றை வாகனமாக்கினான், ஒன்றைக் கொடியில் ஏற்றினான். இன்னைக்கும் எந்தச் சன்னதியில் நின்றாலும் அவனோடு அவையும் இருக்கின்றன. எதிர்த்து நின்றவனுக்கே இந்த இடம். அவன் யாரிடமும் "உன்னால் எனக்கு என்ன உபயோகம்?" என்று கேட்டதில்லை. நம்மிடமும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நாம் எங்கே நிற்போம்?

நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான். ஓர் உயிரின் கடைசிக் காலத்தை, அதை வேலைக்கு எடுக்கும் முதல் நாளிலேயே யோசித்து வைக்கணும். குட்டியைத் தூக்கும்போதே அதன் பத்தாவது வயசுக்கும் சேர்த்துப் பொறுப்பேற்கணும். முடியாதென்றால் தூக்கவே உரிமை இல்லை. வீட்டில் ஆசைக்கு லாப்ரடார் வாங்குபவருக்கும் இது பொருந்தும். ஓய்வு பெற்ற நாயைத் தத்தெடுக்க நினைக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை: வருவது விளையாட்டுக் குட்டி அல்ல. மூட்டு வலி, மருந்துச் செலவு எல்லாம் சேர்ந்து வரும். கூண்டில் வாழ்ந்து பழகிய அதற்கு வீடே புதுசாக இருக்கும். தெரிந்து எடுங்கள்.

பெரிய கோயில் திருவிழாக்களில் போலீஸ்காரர் மோப்ப நாயோடு வந்து சோதனை போடுவதைப் பார்த்திருப்பீங்க. நாம் பயமில்லாமல் அரோகரா சொல்ல அதுவும் ஒரு காரணம். அடுத்த முறை பார்த்தால், அது நல்லபடியா வயசாகணும்னு முருகனிடம் ஒரு நிமிஷம் வேண்டிக்கோங்க.

அப்பாகிட்ட நான் மன்னிப்பெல்லாம் கேட்கலை. எங்க வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. மறுவாரம் கொரியர் வந்தப்போ மீட்டிங்கை மியூட்டில் போட்டுட்டு நானே கீழே போனேன். திரும்பி வந்தப்போ அப்பா கதவைத் திறந்துவச்சுக்கிட்டு நின்னார். "நான் போயிருப்பேனே, சும்மாதானே இருக்கேன்"னார்.

அந்த வார்த்தையை அவர் வாயில் வச்சது நான்தான். அதை எடுக்க இன்னும் நாளாகும். முருகன் துணையிருக்கணும்.

வேலும் மயிலும் துணை!