சொன்ன விலையும் சொல்லாத விலையும்

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களைப் பற்றி எழுதவும் பேசவும் புகுவோர், கொல்லாமைக்கே பெரும்பகுதியை ஒதுக்கிவிடுகின்றனர். அது முறையே. ஆயினும் வாய்மை, கள்ளாமை, பொருள் வரைதல் என்னும் மூன்றும் ஒருசேரச் சோதிக்கப்படும் இடம் ஒன்று உண்டு. அதுவே கொள்வதும் கொடுப்பதும் நிகழும் இடம். அதிலும், விலைச்சீட்டு ஒட்டப்படாத பழைய பொருள் கைமாறும்போது இச்சோதனை கடுமையாகிறது. பாத்திரத்துக்கு எடை உண்டு. துணிக்கு முழம் உண்டு. ஒருவர் முப்பது ஆண்டுகள் மடியில் வைத்து வாசித்த வீணைக்கு எதைக்கொண்டு விலை காண்பது?

இவ்வினா வெறும் கற்பனையன்று. வந்தவாசிப் பகுதியைச் சேர்ந்த நம் அன்பர் ஒருவரின் மகள் வீணை பயில்கிறாள். புதிய வீணை வாங்க வசதி இடங்கொடாமையால் பழையது ஒன்றைத் தேடினார். காஞ்சிபுரத்தில் முதியவர் ஒருவர் இல்லத்தில், காலஞ்சென்ற அவர் துணைவியார் வாசித்த தஞ்சாவூர் வீணை ஒன்று விற்பனைக்கு இருப்பதாக இசையாசிரியை சொன்னார். தொலைபேசியில் கேட்டபோது முதியவர் 15,000 ரூபாய் என்றார். “நல்லது ஐயா, ஞாயிறன்று வந்து எடுத்துக்கொள்கிறோம்” என்றார் அன்பர். ஞாயிறன்று வண்டி அமர்த்திக்கொண்டு மகளுடன் சென்றார். குழந்தை சுருதி சேர்த்து வாசித்துப் பார்த்து முகம் மலர்ந்தாள். அப்போது முதியவர், “சென்னையில் உள்ள என் உறவினர் 22,000க்குக் குறையாது என்கிறார், அதற்குக் குறைத்துக் கொடுப்பதற்கில்லை” என்றார். சொற்கள் தடித்தன. “மரமே உளுத்துப் போயிருக்கிறது, இதற்குப் பதினையாயிரமே அதிகம்” என்று கூறிவிட்டு அன்பர் வெறுங்கையுடன் திரும்பினார். மரம் உளுக்கவில்லை, அதனை அவரே நம்மிடம் சொன்னார். “வாக்கை மாற்றியவர் அவர்தாமே? பாவம் யாரைச் சேரும்?” என்பது அவர் கேள்வி.

பாவத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் உரிமை நமக்கில்லை. வினைகள் தத்தம் கணக்கைத் தாமே பார்த்துக்கொள்ளும். ஆயினும் நிகழ்ந்ததை ஆராய்ந்து பார்த்தல் பயனுடையது.

முதலில் வாக்கினை எடுத்துக்கொள்வோம். விலையைச் சொல்லுதல் வேறு. விற்பதாக உடன்படுதல் வேறு. “வந்து பார்க்கிறோம்” என்று அன்பர் சொல்லியிருந்தால், விலையை மாற்ற முதியவருக்கு உரிமை இருந்திருக்கும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும், ஏற்பு முடிவதற்குமுன் முன்மொழிந்தவர் அதனைத் திரும்பப் பெறலாம் என்றே கூறுகிறது. ஆனால் அன்பர் சொன்னது “எடுத்துக்கொள்கிறோம்” என்பதாகும். விலையையும் பொருளையும் இருவரும் அறிந்து, ஒருவர் கேட்க மற்றவர் இசைந்த பின், முன்பணம் கொடுக்கவில்லை, எழுத்தில் இல்லை என்பன வாய்மை விரதத்தின் முன் எடுபடா. ஆதலின் முதியவர் சொல் தவறினார் என்பதில் ஐயமில்லை. குறைந்தபட்சம், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னரே அதனைத் தெரிவித்திருக்க வேண்டும். வண்டிச் சத்தம் கொடுத்துக் குழந்தையுடன் ஒருவர் வந்து நின்ற பின், அவர் ஆசையையே தராசாக்கி விலையை ஏற்றுதல் அறமாகாது. இங்கே அநேகாந்தத்தைத் துணைக்கழைத்து, அவரவர் நோக்கில் இருவரும் சரியே என்று முடித்துவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. அநேகாந்தம் பொருளின் பல பக்கங்களையும் காணச் சொன்ன கொள்கை. வழக்கைத் தள்ளிப்போடச் சொன்ன கொள்கையன்று.

முதியவரின் மனத்தில் நிகழ்ந்தது யாது? சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், பொருள் வரைதல் என்னும் விரதத்தை மாசுபடுத்தும் அதிசாரங்கள் ஐந்து என்கிறார். சுமை விலங்குகளை மிகையாக ஓட்டுதலும், அளவிறந்து சேர்த்தலும், மிகையாகப் பாரம் ஏற்றுதலும் நாம் எளிதில் எதிர்பார்ப்பவை. எஞ்சிய இரண்டே வியப்புக்குரியவை. அவை விஸ்மயம், லோபம் எனப்படும். தான் இசைந்த இலாபத்துக்கு ஒரு பொருளை விற்றபின், அதே பொருளால் வாங்கியவன் மிகுதியாக ஈட்டக் கண்டு மனம் வெதும்புதலை விஸ்மயம் என்று உரை விளக்குகிறது. நல்ல விலை கிடைத்தபின்னும் இன்னும் வராதா என்று ஏங்குதல் லோபம். பிறர் பொருளைக் கவர்வதோ, பொய் சொல்வதோ இவற்றில் இல்லை. ‘ஏமாந்துவிட்டோமே’ என்னும் அந்த ஒரு நினைவையே விரதத்தின் மேல் படியும் மாசு என்று நம் ஆசாரியர் குறித்துவைத்தார். உறவினர் சொல் காதில் விழும்வரை 15,000 ரூபாய் முதியவருக்கு நிறைவான தொகையாகவே இருந்தது. வீணை மாறவில்லை, அவர் தேவையும் மாறவில்லை. வேறொருவர் அடையப்போகும் ஊதியம் மட்டுமே புதிதாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

இம்மாசு விற்பவர்க்கு மட்டுமே உரியது என்று எண்ணுதல் பிழை. கைக்கு வரவிருந்த மலிவு நழுவியதே என்று ஊர் திரும்பும் வழியெல்லாம் புழுங்கிய வாங்குபவரும் அதே நோயால் வருந்தியவரே. அவருக்கு ஒன்று கூடுதலாகவும் இருந்தது. குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களுள் அன்று அவரை மிகுதியும் பற்றியது மானம் என்றே நாம் கருதுகிறோம். மகளின் முன்னிலையில் இயலாதவராக நிற்க நேர்ந்தது. ஏழாயிரம் ரூபாயைவிட அதுவே சுட்டது. அந்தச் சூட்டில் பிறந்ததே உளுத்த மரம் என்னும் சொல்.

அச்சொல்லை நாம் எளிதாக விட்டுவிட முடியவில்லை. தஞ்சாவூர் வீணை பெரும்பாலும் பலாமரத்தில் செய்யப்படுவது. குடமும் தண்டியும் யாளிமுகமும் தனித்தனியே செய்து இணைக்கப்பெற்றால் அது ஒட்டு வீணை. முழுவதும் ஒரே மரத்தில் குடைந்தெடுக்கப்பெற்றால் ஏகாண்ட வீணை. தண்டியின் இருமருங்கும் மெழுகுக் கட்டில் 24 மெட்டுகள் பதிக்கப்படும். மேலே நான்கும் பக்கத்தில் மூன்றுமாகத் தந்திகள் ஏழு. வெப்பத்தில் மெழுகு இளகி மெட்டுகள் சாய்ந்திருந்தால் மேளம் கட்டவேண்டும். பிரடை வழுக்கினால் மாற்றவேண்டும். இவை செலவுக்குரிய குறைகள்; இவற்றை எடுத்துச்சொல்லி விலை குறைக்கக் கேட்பது நேர்மையான பேரமே. (மெழுகு என்பது தேன்மெழுகு, தேனை விலக்கிய நாம் அதனை எவ்வாறு கொள்வது என்று வாசகர் கேட்கக்கூடும். தக்க கேள்வி, தனியே ஆராயவேண்டியது. புதிதாக ஒரு பலாமரத்தை வெட்டாமல் இருக்கும் வீணையையே வாங்கலாம் என்ற அளவில் பழையதைத் தேடிய அன்பரின் நாட்டம் நமக்கு உடன்பாடே.)

இல்லாத குறையைச் சொல்வது அவ்வகையைச் சேராது. சீவக சிந்தாமணியில், காந்தருவதத்தையுடன் இசைப்போட்டிக்கு வந்த சீவகன், தன்முன் வைத்த யாழ்களை ஒவ்வொன்றாக விலக்குகிறான். இது நீரில் நின்று நைந்த மரம், இது இடியுண்ட மரம், இது தீயில் வெந்த மரம் என்று காரணமும் கூறுகிறான். திருத்தக்கதேவர் அங்கே காட்டுவது குறைகூறும் திறனையன்று. பொருளின் உண்மையை உள்ளவாறு அறியும் அறிவையே. சீவகன் பார்த்த குறைகள் மரத்தில் இருந்தன. நம் அன்பர் சொன்ன குறை அவர் சினத்தில் மட்டுமே இருந்தது. அதன் விளைவோ அவருடன் நிற்பதன்று. வீணையைப் பற்றி ஏதும் அறியாத முதியவர், வந்து பார்த்தவர் உளுத்த மரம் என்றாரே என்று மனம் குன்றி, அடுத்து வருபவர் கேட்கும் அற்ப விலைக்கு அதனைத் தள்ளிவிடக்கூடும். அடுத்து வருபவர் அன்பரின் பொய்யால் ஆதாயம் பெறுவார்.

பேச்சு இவ்வளவில் இருக்க, நாம் துருவிக் கேட்டபோது மற்றொன்று வெளிப்பட்டது. அவ்வீணை ஏகாண்டம் என்பதை இசையாசிரியை முன்னமே அன்பரிடம் சொல்லியிருந்தார். முதியவருக்கு அது தெரியாது. 15,000 ரூபாய் மலிவு என்பதை அன்பர் வண்டி ஏறும்போதே அறிந்திருந்தார்.

இங்குதான் வழக்கு தலைகீழாகிறது. தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி ஆசாரியர் வாய்மை விரதத்துக்குக் கூறும் அதிசாரங்களுள் நியாசாபகாரம் என்பது ஒன்று. ஒருவன் பொன்னை ஒருவரிடம் அடைக்கலமாக வைக்கிறான். பின்னர் எண்ணிக்கையை மறந்து குறைத்துக் கேட்கிறான். பெற்றுவைத்தவர் “ஆம், அவ்வளவே” என்று கொடுத்துவிடுகிறார். பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தியில் தரும் விளக்கம் இது. பெற்றுவைத்தவர் தாமாக எந்தப் பொய்யும் புனையவில்லை. மறந்தவனின் சொல்லுக்கு இசைந்தார், அவ்வளவே. ஆயினும் இதனைக் கள்ளாமையின் கீழ் வையாது வாய்மையின் கீழேயே வைத்தனர் ஆசாரியர். தன் பொருளின் மதிப்பை அறியாது குறைத்துக் கேட்ட முதியவரிடம் “நல்லது ஐயா” என்றது, “ஆம், அவ்வளவே” என்றதற்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது?

ஒப்புமையை அளவுக்கு மேல் இழுப்பதும் கூடாது. அடைக்கலப் பொன் வைத்தவனுக்கே உரியது. அதன் எண்ணிக்கை ஐயத்துக்கு இடமற்றது. பழைய வீணையின் விலையோ கருத்தைப் பொறுத்தது. பொருளறிவு வணிகனின் முதல். எவர் எதை வாங்கினாலும் தாம் அறிந்ததையெல்லாம் கொட்டிவிடவேண்டும் என்றால் வாணிகமே நடவாது. விற்பவர் இசைக்கருவிக் கடைக்காரராக இருந்திருந்தால், தம் சரக்கை அறிவது அவர் கடமை. அன்பர் வாய்திறவாமல் வாங்கியிருந்தாலும் நாம் குறை காணமாட்டோம். ஆனால் விற்றவர் வீணை வாசிக்கத் தெரியாத முதியவர். பொருளோ மறைந்த மனைவியின் கைப்பொருள். விலை கேட்க அவருக்கு அக்கம்பக்கத்தில் ஆளில்லை. அத்தகையவரிடம் அறிந்தவர் காக்கும் மௌனம் மாயையே என்பது நம் துணிபு. இதில் நம்மோடு மாறுபடுவோர் இருப்பர். வணிகக் குடும்பங்களில் பிறந்தோர் நம்மைச் சிரிக்கவும் கூடும்.

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழுமிடத்து, விற்கும்போது குறைத்துக் கொடாமையை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. வாங்கும்போது மிகையாகக் கொள்ளாமையையும் சேர்த்தே சொல்கிறது. ஏலாசாரியர் அருளியதாக நம் மரபு போற்றும் திருக்குறளிலும் வாணிகத்தின் இலக்கணம் நடுவுநிலைமை அதிகாரத்திலேயே வைக்கப்பட்டுள்ளது. இன்று விற்பவரின் ஒழுக்கத்தைப் பற்றி நாம் ஓயாது பேசுகிறோம். கலப்படமும் கள்ள எடையும் நமக்கு நன்கு தெரிகின்றன. வாங்குபவரும் விரதத்துக்கு உட்பட்டவரே என்பது மட்டும் ஏனோ மறந்துவிடுகிறது. மலிவாக வாங்கிவந்தவரை வீட்டார் கெட்டிக்காரர் என்று கொண்டாடுவது ஒரு காரணமாகலாம்.

ஆதலின் முதியவர் 22,000 என்றபோது, அவர் செய்தது சொல்தவறுதல் ஆயினும், கேட்ட தொகை நியாயமற்றதன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதே அன்பரின் இடர்ப்பாடு. முறை தவறிக் கேட்கப்பட்ட முறையான விலை அது. அந்நிலையில் வாங்குபவர் செய்யத்தக்கது என்ன? “ஐயா, தாங்கள் வேறு தொகை சொல்லி, அதற்கு இசைந்தே வந்தோம், மாற்றம் இருப்பின் முன்னரே தெரிவித்திருக்கலாம்” என்று ஒருமுறை சொல்லலாம். அது சினமன்று, உண்மை. அதன்பின், கையில் உள்ளது இவ்வளவு என்று தம் எல்லையைச் சொல்லிக் கேட்கலாம்; இசையாவிட்டால் வணங்கி விடைபெறலாம். வீட்டைவிட்டுப் புறப்படுமுன் எவ்வளவு வரை கொடுப்பது என்று வரையறுத்துக்கொள்வதும், அதனை உடன்வரும் குழந்தைக்குச் சொல்லிவைப்பதும் பொருள் வரைதலின் ஒரு சிறு பயிற்சியே. குழந்தை ஏமாற்றத்தைத் தாங்கிக்கொள்வாள். தந்தை பொய்க்குறை சொன்னதை அவள் எங்கு வைத்துக்கொள்வாள் என்பதே நம் கவலை. மரம் உளுக்கவில்லை என்பது வாசித்துப் பார்த்த அவளுக்குத்தானே நன்றாகத் தெரியும்?

அன்பரிடம் நாம் சொன்னது இரண்டே. மரம் நன்றாகவே உள்ளது என்று முதியவருக்குத் தெரிவியுங்கள்; அது ஏகாண்டம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். “அப்படியானால் அவர் 30,000 கேட்பாரே” என்றார். கேட்கலாம். சில நாள் கழித்து அவர் தொலைபேசியில் பேசினார் என்று அறிகிறோம். வீணை இப்போது யார் இல்லத்தில் இருக்கிறது என்று நாம் கேட்டுக்கொள்ளவில்லை.

நம் குடும்பங்கள் பலவற்றில் பரண்மேல் உறையிட்ட வீணையோ, ஆர்மோனியமோ, வயலினோ இருக்கக்கூடும். வாசித்தவர்கள் மறைந்தும், மணமாகி வெளியூர் சென்றும் இருப்பர். விற்கும் எண்ணம் உடையோர், விலை சொல்வதற்கு முன்னரே கருவியறிந்த இருவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்வது நன்று. வெடிப்போ, பூச்சி அரிப்போ, மெழுகு இளக்கமோ இருந்தால் தாமே சொல்லிவிடவேண்டும். சொன்ன விலை எந்த நாள் வரை நிற்கும் என்பதையும் கூடவே சொல்லிவிட்டால், ஞாயிறன்று வண்டி வைத்துக்கொண்டு வருபவர்க்கும் உதவியாக இருக்கும்.