விற்கும் வீட்டுக்கு வெள்ளையடிக்கலாமா?

வீட்டை விற்பது ஒரு காலத்தில் நொடித்துப்போன குடும்பத்தின் செயலாகக் கருதப்பட்டது. ஊரார் அதைப்பற்றித் தாழ்ந்த குரலிலேயே பேசுவர். இன்று நிலைமை வேறு. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் பணி செய்கின்றனர். முதியவர் ஒருவர் இருக்கும்வரை ஊரில் விளக்கெரிகிறது. அதன்பின் வீடு விலைக்கு வருகிறது. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் நம் மக்கள் வாழும் ஊர்களில் இதனைக் காணாத வாசகர் இலர். ஆகவே பின்வரும் வினா நம் இல்லங்களுக்குப் புறம்பானதன்று. விற்கவிருக்கும் வீட்டை, வாங்க வருவோர் கண்ணுக்கு இனியதாக ஒப்பனை செய்து காட்டலாமா? எதுவரை செய்யலாம்?

நாம் ஆசிரியப் பணியின் பொருட்டுச் சென்று நெடுநாள் வாழ்ந்த ஊர் போடிநாயக்கனூர். அங்கே அண்டை வீட்டு அம்மையார் ஒருவர், கணவர் மறைந்தபின் வீட்டை விற்க முற்பட்டார். சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு. மேற்குச் சுவரில் ஒவ்வோர் ஐப்பசியிலும் இடுப்பளவுக்கு ஓதம் ஏறும். வெளிநாட்டில் இருக்கும் மகன் தொலைபேசியில் மூன்று யோசனைகள் சொன்னார்: அச்சுவருக்குப் பிளாஸ்டிக் பெயின்ட் அடிப்பது, அதன் முன் பீரோவை நகர்த்தி நிறுத்துவது, பங்குனி சித்திரைக்குள் ஆட்களை அழைத்துக் காட்டிவிடுவது. தரகர் தம் பங்குக்கு ஒன்று சேர்த்தார். ஆள் வரும் நேரத்தில் ஏலக்காய் தட்டிப் போட்டுப் பால் காய்ச்சினால் வேறு வாடை தெரியாதாம். அம்மையார் நம்மிடம் வந்து கேட்டார்: "ஏன் டீச்சர், வெள்ளையடிக்கிறது பொய்யா? அப்படின்னா வருசா வருசம் பொங்கலுக்குப் பொய் சொல்லிக்கிட்டுத்தான இருக்கோம்?"

சிரித்துக்கொண்டே கேட்டார்; ஆயினும் எளிய வினாவன்று.

இதற்கு விடை தேட அவ்வூரில் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஏலக்காயைப் பார்த்தால் போதும். போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, வண்டன்மேடு என ஏலமலை விரிகிறது. பச்சைக்காயை மலையிலேயே ஸ்டோரில் உலர்த்துவர். உலர்ந்த காயின் காம்பையும் பூந்தாரையும் நீக்கி, சல்லடையில் இட்டுப் பருமன் வாரியாகப் பிரித்து, வெடித்ததையும் வெளுத்ததையும் தனியே ஒதுக்குவர். போடியில் இவ்வேலையால் அடுப்பெரியும் வீடுகள் பல. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் கேரளத்துப் புத்தடியிலும் நடக்கிறது. ஏலக்கூடத்தில் வணிகர் மூட்டையைக் கிளறிப் பார்ப்பதில்லை. சிறிதளவு மாதிரியைக் கையிலெடுத்துப் பார்த்து, அதனை நம்பியே விலை கேட்கின்றனர். மாதிரியும் மூட்டையும் ஒன்று என்ற நம்பிக்கை மட்டும் போய்விட்டால் அந்தக் கூடத்தைப் பூட்டிவிட வேண்டியதுதான்.

அந்தக் காய்க்கு மூன்று வகை ஒப்பனை உண்டு. காம்பு நீக்கிப் பருமன் பிரிப்பது முதல் வகை. அதில் குறை காண்பார் எவருமிலர். உலர்த்தும் முன் பச்சைக்காயைச் சலவைச் சோடா கரைத்த நீரில் பத்து நிமிட நேரம் ஊறவைப்பது இரண்டாவது. நூற்றுக்கு இரண்டு பங்கு சோடா சேர்த்தால் காயின் இயல்பான பச்சை உலர்ந்தபின்னும் நிற்கும் என்று வேளாண் துறையினரே கூறுவர். வெளுத்த காய்க்குச் சாயம் ஏற்றிப் பச்சையாக்குவது மூன்றாவது. அது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். இரண்டாவதும் மூன்றாவதும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். முன்னது காயில் இருந்த நிறத்தைக் காக்கிறது. பின்னது இல்லாத நிறத்தைப் பூசுகிறது. வேறுபாடு அவ்வளவே, அது சிறியதன்று.

வீட்டுக்கு இதனைப் பொருத்திப் பார்க்கலாம். ஒட்டடை அடிப்பது, பரணில் அடைந்த பழம்பொருளை இறக்குவது, முற்றத்தைக் கழுவிவிடுவது, ஒழுகும் ஓட்டை மாற்றுவது ஆகியன காம்பு நீக்குவது போன்றவை. பெரியவர்களின் படங்களையும் பிள்ளைகளின் கிறுக்கல்களையும் சுவரிலிருந்து எடுத்துவிடு, வாங்க வருபவர் தம் குடும்பத்தை அங்கே கற்பனை செய்துகொள்ளட்டும் என்று இக்காலத்தார் கூறுகின்றனர். அதிலும் குற்றமில்லை, மனம் வலிக்கும், அவ்வளவுதான். அமெரிக்காவில் இதனை ஒரு தொழிலாகவே ஆக்கிவிட்டனர். சியாட்டில் வட்டாரத்தில் வீடு விற்றுக்கொடுத்துவந்த பார்ப் ஷ்வார்ஸ் என்னும் பெண்மணி 1970களின் தொடக்கத்தில் வீட்டை நாடக மேடைபோல அமைத்துக் காட்டும் முறையைத் தொடங்கிவைத்தார் என்பர். மேடை என்ற சொல்லைக் கவனிக்க. நாடகம் பார்ப்பவர் அது நாடகம் என்று அறிந்தே பார்க்கிறார். வீடு பார்க்க வருபவர் அப்படி அறிந்து வருவதில்லை.

ஓதச் சுவருக்குப் பிளாஸ்டிக் பெயின்ட் அடிப்பது சாயம் ஏற்றும் வகையைச் சேர்ந்தது. அதனினும் தீது என்றே கூறுவோம். சுண்ணாம்புச் சுவர் தன் ஈரத்தை வெளியே விட்டு உலரும் தன்மையுடையது. அதன்மேல் பெயின்ட் படலம் போர்த்தினால் ஈரம் உள்ளேயே நின்று சாந்தை அரிக்கும். ஓரிரு மழைக்குள் பட்டை பட்டையாக உரியும். பொங்கலுக்கு அடிக்கும் சுண்ணாம்போ அப்படிப்பட்டதன்று. ஈரமுள்ள இடத்தில் சுண்ணாம்பு அடித்தால் மறுமழைக்கே கறை தெரிந்துவிடும். அது மறைக்கத் தெரியாத பூச்சு. ஆகவே அம்மையாரின் வினாவுக்கு நாம் சொன்ன விடை இது: வெள்ளையடிப்பது பொய்யன்று, பெயின்ட் அடித்தால் பொய், வெள்ளையடித்துவிட்டுப் பங்குனியில் காட்டி வாயை மூடிக்கொண்டால் அதுவும் பொய்தான்.

காலத்தைத் தேர்ந்து காட்டுவதும் ஒப்பனையே என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வைட் ஆங்கிள் லென்ஸ் வைத்துக் கைப்பேசியில் படமெடுத்துப் பத்தடி அறையைப் பதினைந்தடியாகக் காட்டுவதும் இதன்பாற்படும்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வினா எழுந்திருக்கிறது. உரோமானியரான சிசரோ கி.மு. 44இல் தம் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் ஒரு கதை கூறுகிறார். சிசிலித் தீவின் சிரக்கூஸ் நகருக்கு ஓய்வுக்காகச் சென்ற கானியஸ் என்பவர், தோட்டத்துடன் கூடிய ஓரிடம் வாங்க விரும்பினார். பிதியஸ் என்ற வட்டிக்கடைக்காரர் அவரைத் தம் தோட்டத்துக்கு விருந்துக்கு அழைத்தார். முன்னதாகவே மீனவர்களைக் கூப்பிட்டு, மறுநாள் தம் தோட்டத்தின் முன்னேயே வலைவீசச் சொல்லிவைத்தார். கானியஸ் வந்து பார்த்தபோது கண்ணெதிரே ஏராளமான படகுகள். பிடித்த மீனைப் பிதியஸின் காலடியில் கொண்டுவந்து குவித்தனர். ஊருக்கு மீன் முழுவதும் இங்கிருந்துதான் போகிறது என்றார் பிதியஸ். கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிய கானியஸ், மறுநாள் நண்பர்களுடன் வந்தபோது ஒரு துடுப்பைக்கூடக் காணவில்லை. மீனவருக்கு இன்று விடுமுறையோ என்று அண்டை வீட்டாரைக் கேட்டார். இங்கு எவரும் மீன் பிடிப்பதில்லையே, நேற்று வந்ததுதான் வியப்பு என்றார் அவர். வலையையும் மீனையும் நம் நெறியினர் விரும்பார். எனினும் தரகர் காய்ச்சச் சொன்ன ஏலக்காய்ப் பால் இந்தப் படகுகளுக்குத் தங்கை முறைதான்.

அதே நூலில் மற்றொன்றும் உண்டு. ஒருவர் வீட்டை விற்கிறார். அது உடல்நலத்துக்கு ஒவ்வாதது, படுக்கையறைகளில் நச்சுயிர்கள் புகும், மரங்கள் உளுத்தவை. அவரைத் தவிர வேறெவருக்கும் இவை தெரியா. சொல்லாமல் விற்கலாமா? பாபிலோனியரான தியோஜனிஸ், உன்னை வாங்கச் சொல்லி எவர் வற்புறுத்தினார் என்று விற்பவர் பக்கம் நின்றார். அவர் மாணவர் ஆன்டிபேட்டர், வழி தவறியவனுக்கு வழி சொல்லாமல் நிற்பதைவிட இது கொடிது என்றார். சிசரோ மாணவர் பக்கமே தீர்ப்பளித்தார். ஆசிரியரை மாணவர் வென்ற வழக்கு என்பதால் நமக்கு இதில் தனி மகிழ்ச்சி.

நம் நாட்டுச் சட்டமும் ஆன்டிபேட்டரின் பக்கமே சாய்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 55ஆம் பிரிவில், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, விற்பவர் அறிந்து வாங்குபவர் அறியாததும், வாங்குபவர் இயல்பான கவனத்துடன் பார்த்தாலும் புலப்படாததுமான முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாது விடுதல் மோசடி என்றே அது கூறுகிறது. கட்டடத்தின் குறை மட்டுமன்று, உரிமையின் குறையும் இதில் அடங்கும். வில்லங்கச் சான்றிதழில் ஏறாத பாகப்பிரிவினைப் பூசல், அத்தையின் கையெழுத்து இல்லாத விடுதலைப் பத்திரம் போன்றவை பெயின்டால்கூட மறைக்க வேண்டாதவை. வாயை மூடினாலே மறைந்துவிடும். கேரளத்து ஏலமலையில் இது இன்னும் கடுமை. அந்நிலம் வனமா வருவாய் நிலமா என்பதே ஆண்டுக்கணக்கில் வழக்காடப்பட்ட ஒன்று. அங்கே பங்களா கட்டி, மேகம் தவழும் படத்தைக் காட்டி விற்பவர் பட்டாவையும் அதே வெளிச்சத்தில் காட்ட வேண்டும்.

மலைச்சரிவில் மறைப்பதன் விலை பணம் மட்டுமன்று. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து தேயிலைத் தொழிலாளர் குடியிருப்புகள் புதைந்தன. மாண்டவர் பெரும்பாலோர் நம் தமிழ் மக்கள். விற்பனையால் நேர்ந்த கேடன்று அது. ஆயினும் சரிவில் மழைநீர் எவ்வழி இறங்கும் என்பது எத்தகைய செய்தி என்பதை அது காட்டிவிட்டது. சரிவில் வாழ்ந்தவருக்கு, எந்த ஓடை எந்த மாதத்தில் கொல்லைக்குள் புகும், எந்தத் தடுப்புச் சுவர் முன்னொருமுறை பிதுங்கியது என்பது தெரியும். கோடையில் வந்து மாலை வெயிலில் பார்த்துப் போகிறவருக்குத் தெரியாது. இதைச் சொல்லாதுவிடுவதை வாய்மைக் குறை என்று மட்டும் கொள்ள முடியாது. அது அகிம்சையைத் தொடும்.

அம்மையார் ஒரு மறுப்புச் சொன்னார். அதனை இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. "உண்மையச் சொன்னா ரெண்டு லட்சம் குறைப்பாங்க. அது என் மருந்துக் காசு." விதி எல்லோர்க்கும் ஒன்றே, சுமை மட்டும் இல்லாதவர் தலையில் கூடுதலாக விழுகிறது. இதற்கு நம்மிடம் இனிய விடை இல்லை. அந்த இரண்டு இலட்சத்தைச் சுவர் முன்பே தின்றுவிட்டது. பேசாதிருந்தால் இழப்பு மறைவதில்லை, வாங்குபவரின் தலைக்கு மாறுகிறது. அவரும் ஓய்வூதியத்தில் வாங்குபவராக இருக்கலாம். இவ்வளவே நம்மால் சொல்ல முடிந்தது. அவர் சுண்ணாம்பு அடித்து, பீரோவை இருந்த இடத்திலேயே விட்டு, மேற்குச் சுவர் மழையில் ஈரம் காணும் என்று சொல்லியே விற்றார். குறைத்தார்கள்தாம், அவர் அஞ்சிய அளவுக்கன்று.

ஆனால் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டுமா? இங்கே தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் நமக்கு மிகவும் உதவுகிறது. வாய்மை அணுவிரதத்துக்குச் சொல்லப்பட்ட ஐந்து அதிசாரங்களுள் பொய்ப்பத்திரம் எழுதும் கூடலேகக் கிரியையும் ஒன்று. பிறர் மறைவாகச் செய்ததை வெளியிடும் ரகோப்யாக்கியானமும் ஒன்று. மறைப்பதும் குற்றம், வெளியிடுவதும் குற்றம் என இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்த பெரியோரின் நுட்பம் எண்ணத்தக்கது. அவ்வீட்டு மருமகள் ஏன் பிறந்தகம் போனாள், தாத்தா எந்த அறையில் எப்படி மாண்டார் என்பவை வீட்டாரின் செய்திகள். மழையில் ஒழுகும் மூலை வீட்டின் செய்தி. வாங்குபவருக்குக் கடன்பட்டது பின்னதே. அவர் நேராகக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. அதைப்பற்றிப் பேச விரும்பவில்லை என்று சொல்லலாம். சாயமேற்றுவதை, கள்ளாமைக்குச் சொன்ன அதிசாரங்களுள் பிரதிரூபக வியவகாரம், அதாவது போலியை மெய்ப்பொருளாக விற்றல், என்பதில் அடக்கலாம்.

வாங்குபவருக்கும் வாய் உண்டு. 2011 முதல் 2023 வரை போடிக்கு இரயில் இல்லை. அகலப்பாதை முடிந்து 2023 ஜூன் 15 அன்றுதான் மீண்டும் வந்தது. அந்த இடைக்காலத்தில் செய்தித்தாள் படிக்காத முதியவரிடம், இரயில் வரப்போவதை அறிந்தவர் பேசாமல் மனை வாங்கினால் என்ன சொல்வது? 55ஆம் பிரிவு வாங்குபவர்மீதும் ஒரு கடமையைச் சுமத்துகிறது. ஆயினும் அது விற்பவரின் உரிமை பற்றிய செய்திக்கு மட்டுமே, இரயில் செய்திக்கு அன்று. சட்டம் நிற்குமிடத்தில் விரதமும் நின்றுவிடுமா என்பதை வாங்கும் நிலையிலுள்ள நம் இளைஞர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

இத்தனை கவனத்துடன் ஓதத்தையும் ஓடையையும் சொல்லிவிட்டு, சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், கைமாறிய தொகையை விட்டுவிட்டு வழிகாட்டி மதிப்பை மட்டும் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்திடுகிறோம். அது கூடலேகம் அன்றி வேறென்ன? இருவரும் மனமொப்பிச் செய்வதால் எவரும் ஏமாறவில்லை என்பர். அரசை எவராகவும் நாம் எண்ணுவதில்லை போலும். அந்த அதிசாரங்களில் அரசு ஆணை மீறலும் தனியே எண்ணப்பட்டிருக்கிறது. முழுத் தொகையையும் எழுதுவேன் என்று உறுதியாக நின்றவர் நமக்குத் தெரிந்து இருவர். இருவர்க்கும் வீடு விற்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.