பயணியின் பணப்பையும் அறமும்: கொல்கத்தாவை முன்வைத்து ஒரு நோக்கு

ஒரு நகரத்தைக் காணச் செல்லும் மனிதன் தன் கண்களால் மாத்திரம் அதனைக் காண்பதில்லை. தன் பணப்பையாலும் காண்கின்றான். எங்கே தங்குவது, எதில் ஏறுவது, எவரோடு பேசுவது என்பவற்றை அவனது கையிருப்பே பெரும்பாலும் முன்கூட்டித் தீர்மானித்து விடுகின்றது. எனவே பயணச் செலவு பற்றிய வினா வெறும் கணக்கு வினாவன்று. அறம் சார்ந்த வினாவுமாகும். குறைந்த செலவில் பயணஞ் செய்பவன், பெருஞ் செலவில் பயணஞ் செய்பவனிலும் நேர்மையான பயணியா? இவ்வினாவைக் கொல்கத்தா நகரை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொல்கத்தாவுக்கு வருவோரை அவர்தம் வசதி நோக்கி மூவகையினராகப் பிரிக்கலாம். முதலாம் வகையினர் விமான நிலையத்திலிருந்து குளிரூட்டிய காரில் வந்து, சௌரங்கியிலுள்ள பெரும் ஹொட்டேல்களில் தங்குவர். விக்ரோறியா நினைவு மண்டபத்தின் வெண்பளிங்கும் பார்க் வீதியின் உணவகங்களும் அவர்கள் காணும் கொல்கத்தாவாகும். இரண்டாம் வகையினர் அங்கிருந்து சில நிமிட நடைத் தொலைவில், 1814ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்திய அரும்பொருட்சாலையின் ஓரமாகச் செல்லும் சடர் வீதியின் மலிவான விடுதிகளை நாடுவர். பஸ் வண்டியும், 1984இல் இந்தியாவிலேயே முதன்முதலாகத் தொடங்கப்பெற்ற நகரச் சுரங்கப் புகையிரதமும், ஹூக்ளி நதியைக் கடக்கும் படகும் அவர்களது வாகனங்கள். மூன்றாம் வகையினர் முன்பதிவற்ற பெட்டிகளில் ஹௌராவிலும் சியால்டாவிலும் வந்திறங்குவோர். மருத்துவத்துக்காகவோ தொழில் தேடியோ வரும் அவர்களுக்குத் தருமசாலையோ, உறவினர் அறையின் ஒரு மூலையோ, நிலையத்தின் தரையோதான் தங்குமிடம். அவர்களும் பயணிகளே. எனினும் எந்தப் பயண வழிகாட்டி நூலும் அவர்களுக்காக எழுதப்படுவதில்லை.

மாணவராகிய நாம் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சார்ந்தவர்கள். யானும் நண்பர் ஒருவரும் கொல்கத்தா சென்றபோது அவ்வாறே சென்றோம். முதலாம் வகையினரை நோக்கி எம்மிடம் ஒரு மெல்லிய ஏளனம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு ஓரளவு நியாயமும் உண்டு. 1943இல் திறக்கப்பட்ட ஹௌரா பாலத்தைக் காரின் கண்ணாடியூடாகக் காண்பது வேறு. தலைச்சுமையோடு விரைவோரின் இடையே வழிவிட்டு நடந்து அதனைக் கடப்பது வேறு. பாலத்தின் அடியிலுள்ள பூச்சந்தையில் செவ்வந்தி மாலைக் குவியல்கள் தோளில் ஏறி நகர்வதைக் கண்டபோது, நாம் நகரத்தின் உள்ளே நிற்கின்றோம் என்றே எண்ணினோம்.

அவ்வெண்ணம் கல்லூரி வீதியருகே கலைந்தது. மழை பெய்து தெருவில் நீர் முழங்காலளவு நின்றது. கைறிக்‌ஷாவைத் தவிர வேறெதுவும் நகரவில்லை. ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் நூறு ரூபா கேட்டார். அது ஏமாற்று எனக் கருதிய நாம் வாதாடி, அறுபது ரூபாவுக்கு அவரை இணங்கச் செய்தோம். நீரிலே அவர் எம்மிருவரையும் இழுத்துச் சென்றார். பின்னர் கோப்பிக் கடையில் அமர்ந்து, மிச்சம் பிடித்த நாற்பது ரூபாவிலும் அதிகமாகச் செலவு செய்தவாறே, அந்த வெற்றியைக் கணக்குப் புத்தகத்தில் எழுதினோம்.

இந்நகரின் வரலாற்றில் மற்றொரு பேரம் உண்டு. 1953இல், பிரித்தானியருக்குச் சொந்தமாயிருந்த ட்ராம் கம்பனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசாவால் உயர்த்தியது. அந்த ஒரு பைசாவுக்காக நகரமே கிளர்ந்தெழுந்தது. ஈற்றில் அவ்வுயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. அதே ஆண்டில் வெளிவந்த பிமல் றோயின் 'தோ பிகா ஜமீன்' திரைப்படத்தில், நிலத்தை மீட்பதற்காகக் கல்கத்தாவுக்கு வரும் உழவன் றிக்‌ஷா இழுத்துக் காசுகளைச் சேர்க்கின்றான். ஒரு பைசாவின் பெறுமதி இவ்விரண்டிலும் தெளிவாகப் புலனாகும்.

அவர்களும் சிறு தொகைக்கே போராடினர்; நாமும் அவ்வாறே செய்தோம். ஆயின் இரண்டும் ஒன்றல்ல. அவர்களது சிக்கனம் தேவையின்பாற்பட்டது. எமது சிக்கனம் விருப்பின்பாற்பட்டது. விரும்பிய கணத்தில் நாம் அதனைக் கைவிடலாம். கோப்பிக் கடையில் கைவிட்டோம். இதனிலும் முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. அவர்கள் தம்மிலும் வலியவரோடு பேரம் பேசினர். நாமோ எம்மிலும் மெலியவரோடு பேரம் பேசினோம்.

அவ்வாறாயின், கேட்டதைக் கொடுத்துச் செல்லும் செல்வப் பயணியே மேலானவன் எனச் சிலர் வாதிடலாம். இது ஏற்புடையதன்று. அவன் அந்த றிக்‌ஷாக்காரரைச் சந்திப்பதே அரிது. அவனது குற்றமின்மை தூரத்தினால் விளைந்த குற்றமின்மையே. இனி, மனிதனை மனிதன் இழுக்கும் வண்டியில் ஏறாதிருப்பதே அறம் என்பாருமுளர். மேற்கு வங்கச் சட்டசபை 2006இல் இதனை ஒழிக்கச் சட்டமூலம் நிறைவேற்றியும் கைறிக்‌ஷா மறையவில்லை. பெரும்பாலோர் வண்டியை நாள்வாடகைக்கே பெறுகின்றனர். நாம் ஏறாது விலகின் எமது மனச்சாட்சி தூய்மையாகும். அவரது வாடகைக் கடன் அப்படியே இருக்கும்.

மனிதனை ஒருபோதும் வெறும் கருவியாக மாத்திரம் நடத்தலாகாது என்றார் கான்ற். 'மாத்திரம்' என்னும் சொல் இங்கு மனங்கொள்ளத்தக்கது. நாம் அவரது உழைப்பைப் பெற்றதனால் மாத்திரம் தவறிழைக்கவில்லை. அவருக்கும் ஒரு வீடும் ஒரு கணக்குப் புத்தகமும் இருக்கக்கூடும் என்பதை மறந்ததனாலேயே தவறிழைத்தோம். நியாயமான கூலி அவ்வண்டியை நியாயமாக்கிவிடாது என்பதும் உண்மையே. மாற்றுத் தொழிலை அளிப்பது அரசினதும் சமுதாயத்தினதும் கடமை. பயணியின் பணப்பை அதற்கு ஈடாகாது. ஆனால் அப்பெரிய அநீதியைச் சுட்டிக்காட்டி, எமது சிறிய அநீதியை மறைத்துக்கொள்ளவும் முடியாது.

எனவே பயணியின் அறத்தை அவன் செலவிட்ட தொகையால் அளத்தல் பொருந்தாது. அவன் எவருடைய செலவில் மிச்சம் பிடித்தான் என்பதாலேயே அளத்தல் வேண்டும். கடினமான கட்டில், எளிய உணவு, நீண்ட நடை என்பவற்றால் சேமிப்பவன் தன் வசதியைக் குறைக்கின்றான், அது அவனுக்குரியது. பிறர் வியர்வையில் சேமிப்பவன் தனக்குரியதல்லாததைக் குறைக்கின்றான். அந்தக் கணக்குப் புத்தகம் இன்றும் என்னிடம் உண்டு. 'மிச்சம்' என எழுதப்பட்ட நாற்பது ரூபாவைக் 'கடன்' எனத் திருத்தியுள்ளேன். அதனைத் தீர்க்கும் வழி எனக்கு இல்லை.