ஆட்டத்தை நடத்துபவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

வானூர், திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பாரதம் களைகட்டிவிடும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தை விரித்துச் சொல்வார். இரவில் அதே கதை தெருக்கூத்தாக விடிய விடிய நடக்கும். துகிலுரியும் இரவுக்கு வரும் கூட்டமே தனி. பகடையில் நாட்டையும் தம்பிமாரையும் தோற்ற தருமன் தன்னையும் தோற்கிறான். அதற்குப் பிறகு மனைவியைப் பணயம் வைக்கிறான். சபைக்கு இழுத்துவரப்பட்ட திரௌபதி, தன்னையே தோற்றவனுக்கு என்னை வைத்தாட ஏது உரிமை என்று கேட்கிறாள்.

ஆட்டத்தின் விதியைப் பற்றி இதைவிடக் கூர்மையான கேள்வி நம் மரபில் இல்லை.

ஆட்டத்தை நடத்துபவரின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க இன்னோர் ஆட்டம் உதவும். அமெரிக்காவில் 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் ‘டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தார்கள். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பேசியே கதையை நகர்த்தும் ஆட்டம் அது. இவ்வகை ஆட்டங்களில் கேம் மாஸ்டர் என்று ஒருவர் இருப்பார். காட்டையும் கோட்டையையும் வர்ணிப்பவர், எதிரிகளின் குரலில் பேசுபவர், பகடை விழுந்ததும் விளைவைச் சொல்பவர் எல்லாம் அவரே. ஆட்டத்தின் விதிப் புத்தகத்தில் இல்லாத சிக்கல் வந்தால் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. தேவைப்பட்டால் புத்தக விதியையே ஒதுக்கிவைப்பார். அந்த உலகத்துக்குள் அவர் கடவுள். ஆனாலும் ஆடுபவர்கள் எழுந்துபோய்விட்டால் உலகமும் இல்லை, கடவுளும் இல்லை. அவருடைய அதிகாரம் அவர்கள் மனமொப்பிக் கொடுத்தது.

தருமன் பகடை ஆடிய அஸ்தினாபுரத்துச் சபையில் அந்த ஒப்புதல் எங்கே போனது? விருந்துக்கு அழைத்தது திருதராட்டிரன் பெயரில். பணயப் பொருள் துரியோதனனுடையது. காய் உருட்டியது சகுனி. தருமனாவது சம்மதித்து உட்கார்ந்தான். திரௌபதி அந்த ஆட்டத்தில் சேரவே இல்லை. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. ஆட்டத்தை நிறுத்தக்கூடிய திருதராட்டிரனோ, ஜெயித்தாயிற்றா என்று ஆவலாக விசாரித்துக்கொண்டிருந்தான். தருமம் நுட்பமானது என்று சொல்லி பீஷ்மர் ஒதுங்கிக்கொண்டார். கௌரவர்களில் விகர்ணன் ஒருவன் மட்டும் அவள் பக்கம் நியாயம் பேசினான்.

இந்த இடத்தைக் கூத்துக்காரர்கள் கையாளும் விதம் மனத்தைத் தொடுகிறது. துச்சாதனன் வேடம் கட்டியவர் துகிலில் கை வைப்பதற்கு முன், கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் உண்டு. அதுவரை கூத்தை நடத்தும் வாத்தியாரும் காத்திருக்க வேண்டியதுதான். கதை எப்படி முடியும் என்பது கூடியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும், யாருக்குக் கொடுமை நடக்கப்போகிறதோ அவளிடம் கேட்காமல் அடுத்த அடி எடுத்து வைப்பதில்லை.

அதே அம்மனின் சந்நிதியில் உரிமைக் கேள்வி இன்னொரு விதத்திலும் எழுந்தது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் உள்ள தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலில் தலித் மக்கள் நுழைவதற்கு எதிர்ப்பு வந்து, 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மார்ச்சில் பூசைக்காக நடை திறந்தது. 2025 ஏப்ரலில் போலீஸ் பாதுகாப்போடுதான் தலித் மக்கள் உள்ளே போய்க் கும்பிட முடிந்தது.

திருவிழாவுக்கு நாள் குறிப்பது, காப்புக் கட்டுவது, யார் எங்கே நிற்பது என்று சொல்வது எல்லாம் ஊர்ப் பெரியவர்கள் கையில் இருக்கிறது. அந்த அதிகாரத்தை அவர்களுக்குக் கொடுத்தது ஊர். ஊர் என்றால் அதில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும் அடக்கம்; இந்த ஏற்பாட்டுக்கு அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை. சபையில் கேள்வி கேட்டவளைத் தெய்வமாக வணங்கும் பெரியவர்கள், கோர்ட்டும் போலீசும் வரும்வரை காத்திராமல், அடுத்த திருவிழாவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் தெருவுக்கும் தாங்களே போய் அழைப்புச் சொல்ல வேண்டும்.