பாரமில்லாத கை

முதல் நாள்

லண்டனில் இருக்கும் மருமகன் அனுப்பிய சாமான் இன்று பின்னேரம் எங்கள் ஊர் நாயாற்றுக்கு வந்து சேர்ந்தது. விடுமுறைக்கு ஊர் வந்தவர் ஒருவரின் சூட்கேசில், சொக்கிலேற்றுக்கும் உடுப்புகளுக்கும் இடையில் பயணம் செய்த சின்னப் பெட்டி. அளவுக்கு மீறிய கனம். உள்ளே, இரண்டு பக்கமும் கூருள்ள பிளேட் போடுகிற பழைய மாதிரி றேசர். ஷெஃபீல்டில் செய்தது என்றான் மருமகன்.

"மாமா, இது சாதுவான றேசர். உங்கட தழும்பில கொளுவாது."

இடது தாடைக்குக் கீழே எனக்கு ஒரு வரம்பு ஓடுகிறது. 2009இல், போரில் வந்தது. ஒவ்வொரு முறை சேவ் எடுக்கும்போதும் பிளாஸ்ரிக் றேசர் அந்த இடத்தில் தடக்கி விழும். அதனாலேயே கிழமைக்கு ஒருநாள் என்று குறைத்துக்கொண்டேன்.

சாதுவான மாட்டைத் தெரியும். சாதுவான மனிதர்கள் இரண்டொருவரையும் தெரியும். வெட்டுவதற்கென்றே செய்த ஒன்று எப்படிச் சாதுவாகும் என்று யோசித்தபடி படுத்தேன். வெளியே சோளகம் வீசிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள்

சேவ் எடுக்கவில்லை. கழற்றிப் பூட்டிப் பார்த்தேன்.

மூன்று துண்டு: மூடி, தட்டு, பிடி. பிளேட்டின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு. இரண்டு விரலுக்கிடையில் பிடித்தால் ஓலைபோல வளைகிறது. மூடிக்கும் தட்டுக்கும் நடுவில் வைத்துப் பிடியைத் திருக, மூடியின் வளைவுக்கு வளைந்து விறைக்கிறது. அதன் பிறகுதான் அதற்கு ஒரு உறுதி வருகிறது.

பக்கவாட்டில் கண்ணுக்கு நேரே பிடித்தேன். பிளேட்டின் விளிம்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்கவில்லை. விளிம்புக்கும், அதற்குக் காவலாகக் கீழே நிற்கிற தட்டின் ஓரத்துக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றர்கூட வெளி இல்லை. முரட்டு றேசர்களில் இந்த வெளி கூட. விளிம்பும் துணிந்து முன்னே நிற்கும். இரண்டிலும் போடுவது ஒரே பிளேட்தான்.

ஐயா தச்சுவேலை செய்தவர். சீவுளியின் அலகைச் சுத்தியலால் தட்டித் தட்டி வெளியே விடுவார். பிறகு கவிழ்த்து, விரலால் தடவுவார். "கண்ணுக்குத் தெரிஞ்சா கூடிப்போச்சு. விரலுக்குத் தெரிஞ்சா காணும்" என்பது அவர் கணக்கு. அதே அலகு கொஞ்சம் கூடுதலாக நீட்டினால் பலகையைப் பிய்க்கும். அளவாக நின்றால் சுருள் சுருளாகச் சீவும்.

நேற்று இரவுக் கேள்விக்குப் பதில் ஐயாவின் பட்டறையில் கிடந்திருக்கிறது.

மூன்றாம் நாள்

முதல் சேவ். றேசரை விடத் தண்ணீரைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முன்னால் கடல், பின்னால் களப்பு, நடுவில் மணல். அந்த மணலில் எங்கள் கிணறு. 2004 டிசம்பர் 26 காலை சுனாமியில் கடல் இதற்குள்ளும் இறங்கியது. பிறகு இறைத்தோம், குளோரின் போட்டோம், எத்தனையோ மாரி வந்துபோனது. ஆனாலும் ஆடி மாதம் பிறந்தால் தண்ணீரில் ஒரு கரிப்பு நாக்குக்குத் தெரிகிறது.

சவர்த்தண்ணியில் சவர்க்காரம் நுரைக்காது. தண்ணீரில் கரைந்திருக்கும் கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தைப் பிடித்து வெள்ளைக் கசடாக்கிவிடும். அவற்றுக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதுதான் நமக்கு நுரை. பிறஷால் அடித்து அடித்துக் கை உளைந்ததுதான் மிச்சம். நுரை முகத்தில் நின்று ஒரு நிமிடத்துக்குள் செத்தது.

சவர், சவர்க்காரம், சவரம். வாய்க்குள் சொல்லிப் பார்த்தால் ஒரு தாய் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன. ஆனால் சவரம் வடமொழி க்ஷௌரத்தின் வழி வந்து, இந்த வீட்டிலேயே தங்கிவிட்ட பிள்ளை.

கடைசியில் குடத்திலிருந்து ஒரு பேணி நல்ல தண்ணீர் எடுத்தேன். குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது:

"குடிக்கிற தண்ணியிலயோ சேவ் எடுக்கிறியள்?"

"ஒரு பேணிதான்."

"ஒரு பேணி ஒரு ஆளின்ர தேத்தண்ணி."

நியாயமான கணக்கு. அந்த ஒரு பேணியை வீணாக்கக்கூடாது என்பதற்காகவே நிதானமாகச் செய்தேன். ஈரத் துவாயை மூன்று நிமிடம் முகத்தில் வைத்திருந்தேன். தண்ணீர் குடித்த முடி மெதுமைப்பட்டு, வெட்டக் கேட்கும் பலம் குறையும். நல்ல தண்ணீரில் நுரை தயிர்போல எழுந்தது. றேசரைக் கன்னத்தில் வைத்து, பிடியைக் கொஞ்சம் சாய்த்து, கீழே விட்டேன். காய்ந்த மணலில் நண்டு ஓடுகிற சத்தம். முகத்தில் இப்படி ஒரு சத்தம் இருப்பதை இத்தனை வருடம் கேட்டதில்லை.

நான்காம் நாள்

இரண்டு இடத்தில் இரத்தம். ஒன்று தழும்பில், ஒன்று மோவாயில்.

றேசரில் பிழையில்லை. நான் அழுத்தியிருக்கிறேன். நேற்று அது புதிது, கை பயந்திருந்தது. இன்று பழகிவிட்டோம் என்று நினைத்தது.

போர் முடிந்து இருந்த செட்டிகுளத்து இடம்பெயர்ந்தோர் முகாமில் ஒரு பிளாஸ்ரிக் றேசரை மாதக்கணக்கில் வைத்திருந்தேன். ஒரு கட்டத்துக்குப் பிறகு அது வெட்டவில்லை, பிடுங்கியது. இன்னும் அழுத்தினால் ஏதாவது நடக்கும் என்று அழுத்தினேன். முகாமை விட்டு வந்து எத்தனையோ வருடமாகியும் கைக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

படிகாரக் கல்லைத் தேய்த்துக்கொண்டு, ஏன் வெட்டியது என்று யோசித்தேன். தட்டின் ஓரம் தோலைத் தட்டையாகப் பிடித்திருக்கும்வரை விளிம்பு முடியை மட்டும் சந்திக்கிறது. அழுத்தினால் தோல் அந்தச் சிறிய வெளிக்குள் புடைத்து, தானே போய் விளிம்புக்கு முன்னால் நிற்கிறது. பிறகு காவல் இருந்தும் பயனில்லை. ஷெஃபீல்டில் பாதிச் சாதுத்தனத்தைத்தான் செய்து அனுப்பியிருக்கிறார்கள். மீதி என் மணிக்கட்டில் இருக்க வேண்டும்.

ஆறாம் நாள்

இன்று பிடியின் நுனியை இரண்டு விரலால் மட்டும் பிடித்தேன். றேசரின் கனம் எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. அது தன் பாரத்திலேயே இறங்குகிறது. நான் சாய்வை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

ஒரே இழுப்பில் முகம் துப்புரவாகாது. சாதுவான றேசரின் குறையாக இதைத்தான் சொல்வார்கள். முதல் தடவை முடி படிந்த போக்கில். திரும்ப நுரை. இரண்டாம் தடவை குறுக்கே. திரும்ப நுரை. மனமிருந்தால் மூன்றாவது, எதிர்ப்போக்கில். ஒவ்வொரு தடவையும் எல்லா முடியையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறது.

இப்படிச் செய்யப்போனால் முடியின் போக்கு தெரிந்திருக்க வேண்டும். கன்னத்தில் கீழ்நோக்கி. கழுத்தின் வலப்பக்கம் மேல்நோக்கி. தொண்டைக்குப் பக்கத்தில் ஒரு சுழி. தழும்பின் மேல் ஒன்றும் முளைப்பதில்லை. ஆனால் அதன் இரு கரையிலும் முடி எதிரெதிராகச் சாய்ந்திருக்கிறது. அறுபதை நெருங்கும் வயதில் என் முகத்தின் தரைப்படத்தை விரலால் படிக்கிறேன்.

சின்ன வயதில் ஐயாவுக்குக் கண்ணாடி பிடிப்பது என் வேலை. கிணற்றடியில் சாரத்தை மடித்துக்கட்டிக் குந்தியிருப்பார். நாக்கால் கன்னத்தை உள்ளிருந்து தள்ளிக்கொண்டு வழிப்பார். நான் அசைந்தால் வெய்யில் தெறித்து அவர் கண்ணில் விழும். ஏச மாட்டார். நான் நேராக்கும்வரை றேசரை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். வேலை முடிந்த பிளேட்டைக் கூரைக் கிடுகின் மடிப்புக்குள், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் செருகிவிடுவார்.

அந்த றேசரும் கண்ணாடியும் எந்த இடப்பெயர்வில் கைவிட்டுப் போயின என்று எனக்கு நினைவில்லை. கிணறு மட்டும் நகராமல் இருந்தது.

ஏழாம் நாள்

மழைக் குணம். ஆனால் மழையில்லை. வாசிப்பு.

இந்த றேசரின் மூதாதையைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் கிங் கேம்ப் ஜில்லெற். போத்தல் மூடி விற்கிற கொம்பனி ஒன்றுக்காக ஊரூராக அலைந்தவர். மூடியைப் போலவே, பாவித்துவிட்டு எறிகிற பிளேட் என்பது அவர் யோசனை. அவ்வளவு மெல்லிய உருக்குத் தகட்டுக்குக் கூர் ஏற்றும் வழியைக் கண்டுபிடித்தவர் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியியலாளர். 1903இல் விற்பனை தொடங்கியபோது அந்த வருடம் முழுவதும் போனது 51 றேசர், பிளேட் 168. 1904 நவம்பரில் காப்புரிமை கிடைத்தது. முதலாம் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் படையினருக்காக ஏறத்தாழ 35 இலட்சம் றேசர்கள் வாங்கியது. வீடு திரும்பியவர்கள் தாமே சேவ் எடுக்கும் பழக்கத்தையும் கொண்டு திரும்பினார்கள்.

எங்கள் போருக்குப் பின் நாங்கள் கொண்டு திரும்பிய பழக்கங்களையும் எழுதி வைக்கலாம். படலை தட்டினால் முதலில் அடையாள அட்டையைத் தேடுவது. வெறும் பையையும் எறியாமல் மடித்து வைப்பது. அழுத்தி வழிப்பது.

இந்த றேசர் வருவதற்கு முந்திய காலத்தில் எங்கள் ஊரில் முகத்தை இன்னொருவர் கையில் கொடுத்தால்தான் சவரம். அவர் வீடு வீடாக வருவார். பிறப்புக்கும் இறப்புக்கும் அவரில்லாமல் எதுவும் நடக்காது. கழுத்தையே அவரிடம் கொடுத்தவர்கள், இருக்க ஒரு கதிரை கொடுத்ததில்லை. முற்றத்தில் வேலை செய்துவிட்டு முற்றத்தாலேயே போனார். பிறகு சலூன் வந்தது. கதிரை அவருடையதாயிற்று, நாங்கள் போய்க் காத்திருந்தோம். சலூனில் பிளேட்டைக் கடதாசியோடு சேர்த்து இரண்டாக முறித்து, ஒரு பாதியைக் கத்தியில் கொளுவுவார்கள். அந்த "டக்" சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

பிளேட்டுக்கு எங்கள் வீடுகளில் மறுபிறப்பும் இருந்தது. பென்சில் சீவும், நகம் வெட்டும், சட்டையின் தையல் பிரிக்கும். முகத்துக்கு ஆகாததென்று ஒதுக்கிய பிறகும் அதற்கு வேலை குறையவில்லை.

எட்டாம் நாள்

பிளேட் இலேசாக இழுக்கிறது. மாற்றும் காலம்.

2020இல் அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். முடி உருக்கைவிட ஏறக்குறைய 50 மடங்கு மெதுமையானது. அப்படியிருந்தும் விளிம்பைப் பழுதாக்குவது அதுதான். நுண்காட்டியில் பார்த்தால், கூர் வெறுமனே தேய்ந்து மழுங்கவில்லை. வெட்டுப்படும்போது முடி வளைந்து கொடுக்க, விளிம்பிலிருந்து நுண்ணிய சில்லுகள் பெயர்ந்து போகின்றன.

பழைய பிளேட்டை என்ன செய்வது? செருகுவதற்குக் கிடுகுக் கூரை இல்லை, இப்போது தகரம். வெறும் மீன்ரின் ஒன்றில் ஆணியால் கீறல் போட்டு உள்ளே விட்டேன்.

ஆடி அமாவாசை

சேவ் இல்லை. தகப்பன் இல்லாதவர்களின் விரத நாள்.

காலையில் கடற்கரைக்குப் போனேன். சோளகக் காலம், கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கிறது. களப்பின் வாயை மணல் அடைத்திருக்கிறது. மாரி வந்து தண்ணீர் ஏறி உடைக்கும்வரை உள்ளே களப்பு, வெளியே கடல், நடுவில் சில பாகம் மணல். ஒன்றுக்கொன்று முகம் பார்த்தபடி இருக்கின்றன.

கரையில் ஒரு பக்கம் எங்களவர்களின் மீன் வாடி. இன்னொரு பக்கம் தெற்கிலிருந்து பருவத்துக்கு வருகிறவர்களின் வாடி. 2018 ஓகஸ்டில் இந்தக் கரையில் தமிழ் மீனவர்களின் படகுகளும் வலைகளும் எரிந்தன. அதற்குப் பிறகு இரண்டுக்கும் நடுவிலுள்ள வெளியை ஆட்கள் கண்ணால் அளந்துதான் நடக்கிறார்கள். நானும் அளந்தேன். பிறகு எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். ஐயாவின் முகம் எப்போதும்போல அரைவாசி நுரையோடுதான் வந்தது.

மறுநாள்

பெரியப்பாவுக்கு எண்பத்தைந்து. கை நடுங்குவதால் தாடியை விட்டுவிட்டார். சோறு சாப்பிடும்போது அதில் ஒட்டுவது அவருக்கு வெட்கம். பின்னேரம் றேசரையும் பேணியையும் எடுத்துக்கொண்டு போனேன். தண்ணீரும் எங்கள் குடத்திலிருந்தே எடுத்துப் போனேன். வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை.

விறாந்தையில் கதிரை போட்டு வெளிச்சத்துக்குத் திருப்பினேன். வளர்ந்ததைக் கத்தரிக்கோலால் குறைத்தேன். ஈரத் துவாய். நுரை. முதிய தோல் களப்பின் அலைபோல மடிந்து மடிந்து கிடக்கிறது. இடது கையால் இழுத்துப் பிடித்தாலும் கழுத்தில் அது நிற்பதில்லை. முரட்டு றேசர் என்றால் தொட்டிருக்கவே மாட்டேன். என் முகத்தில் பத்து நாள் படித்ததெல்லாம் இதற்குத்தான் ஒத்திகை என்று பட்டது.

இரண்டு விரலால் பிடித்து இறக்கினேன். நண்டு ஓடியது. கண்ணை மூடிக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்:

"தம்பி, இன்னும் தொடங்கேல்லையோ?"

"ஒரு கன்னம் முடிஞ்சுது பெரியப்பா."

கையைத் தூக்கிக் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். நம்பாதவர்போல இன்னொரு முறை தடவினார். பிறகு ஒன்றும் பேசாமல் தலையைப் பின்னுக்குச் சாய்த்துக் கழுத்தைத் தந்தார்.